ஓட்டிவிட்ட பாட்டுகள்

அன்புள்ள ஐயா,

இணையத்தில் ஜீன் ஆட்ரி நடித்த பழைய கௌபாய் படம் ஒன்றைப் பார்த்தேன். சிரிப்புதான் வந்தது. குதிரையில் துரத்துகிறார்கள், பக்கத்திலேயே கார் ஓடுகிறது, வீட்டில் ரேடியோ இருக்கிறது. நாயகன் சட்டையில் ஒரு பொட்டு அழுக்கு இல்லை. திடீரென்று கிதாரை எடுத்துப் பாட ஆரம்பித்துவிடுகிறார். பாட்டுகளை ஓட்டிவிட்டேன், முக்கால் மணி நேரத்தில் படம் முடிந்தது. நிஜ கௌபாய்கள் பாடினார்களா? இந்தப் படங்கள் நம்மூர் சினிமாவைப் பாதித்தனவா? பார்க்கவேண்டிய ஐந்து படங்களைச் சொல்ல முடியுமா?

ர., கரூர்

அன்புள்ள ர.,

‘பாட்டுகளை ஓட்டிவிட்டேன்.’ எவ்வளவு சாதாரணமாக எழுதிவிட்டீர்கள்! கொஞ்ச நாளாகவே என் மனதில் ஓடிக்கொண்டிருப்பதும் இதுதான். அதற்கு வருகிறேன்.

கார், ரேடியோ விஷயம் எளிது. ஆட்ரியின் பல படங்கள் படம் பார்க்க வந்தவர்கள் வாழ்ந்த அதே 1930களில் நடப்பவை. அழுக்கில்லாத சட்டையை விட்டுவிடுங்கள், அதில் ஒன்றும் இல்லை. நம்மூர் சினிமாவோடு முடிச்சுப் போடும் கேள்வியையும் விட்டுவிடுங்கள். எதைப் பார்த்தாலும் அது நம் வீட்டுக்கு வந்ததா என்று கேட்டுக்கொண்டிருந்தால், அதை அதன் ஊரில் வைத்துப் பார்க்கவே மாட்டோம்.

நிஜ கௌபாய்கள் பாடினார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிறகு டெக்சாஸிலிருந்து கான்சஸ் ரயிலடிகளுக்கு ஆயிரக்கணக்கான மாடுகளை மாதக்கணக்கில் ஓட்டிச் சென்றார்கள். ராத்திரி மாடுகள் படுத்திருக்கும். காவலுக்கு இரண்டு பேர் எதிரெதிர்த் திசையில் குதிரையில் மெதுவாகச் சுற்றி வருவார்கள். ஒரு குச்சி முறிந்தாலும் போதும், மொத்த மந்தையும் மிரண்டு ஓடும், குறுக்கே நிற்பவன் மிதிபட்டுச் சாவான். அதனால் பாடிக்கொண்டே சுற்றினார்கள். இருட்டில் வருவது தெரிந்த குரல்தான் என்று மாட்டுக்குத் தெரியவேண்டும். தெரிந்த பாட்டு தீர்ந்தால் சர்ச்சில் கேட்ட பாட்டு. அந்தப் பாட்டுகளை ஜாக் தோர்ப் 1908-லும் ஜான் லோமாக்ஸ் 1910-லும் புத்தகமாக்கினார்கள். கிதார் பெரும்பாலும் சினிமாக்காரர்கள் சேர்த்தது.

படம் பேசத் தொடங்கியதுமே, 1929-ல், கென் மேனார்ட் என்ற கௌபாய் நடிகர் திரையில் பாடிவிட்டார். 1934-ல் அவருடைய படம் ஒன்றில் சின்ன வேடத்தில் வந்து பாடிவிட்டுப் போனவர்தான் ஆட்ரி. ரயில்வேயில் தந்தி அடித்துக்கொண்டிருந்தவர், சிகாகோ ரேடியோவில் பாடிப் பெயர் வாங்கியவர். அடுத்த வருடமே ரிபப்ளிக் என்ற பட நிறுவனம் அவரை நாயகனாக்கியது. ஒரு மணி நேரப் படம், கொஞ்சம் பணம், சில நாள் படப்பிடிப்பு. பெரிய நகரங்களில் யாரும் மதிக்கவில்லை. சின்ன ஊர்களில் சனிக்கிழமை மதியம் கொட்டகை நிறைந்தது. 1938-ல் ஆட்ரி சம்பளத் தகராறில் வராமல் போனபோது ராய் ரோஜர்ஸை நாயகனாக்கினார்கள். அவரும் பாடகர்தான்.

2009-ல் கலிஃபோர்னியாவில் என் மகள் வீட்டில் மூன்று மாதம் இருந்தேன். பக்கத்து வீட்டில் ஒரு கிழவர், எண்பத்திரண்டு வயது, ஓக்லஹோமாவில் பிறந்தவர். புழுதிப் புயலில் விளைச்சல் போய், வங்கிக்கு நிலம் போய், அவருடைய அப்பா குடும்பத்தோடு மேற்கே பருத்தி எடுக்க வந்திருக்கிறார். கிளம்புவதற்கு முன் ஊர்க் கொட்டகையில் பத்து சென்ட் கொடுத்துப் பார்த்த படங்கள்தான் அவருடைய பிள்ளைப் பிராயம். ஒரு மத்தியானம் அவர் வீட்டில், டிவியிலிருந்து யாரோ பதிவு செய்த கேசட்டில், ஆட்ரி படம் ஒன்று பார்த்தோம். ஆட்ரி கிதாரை எடுத்து மடியில் வைக்கிறார். அடுத்த ஷாட்டில் குதிரையில் ஏறுகிறார். நான் கவனிக்கவே இல்லை. கிழவர் கையைத் தூக்கினார். “இங்கே ஒரு பாட்டு இருந்தது” என்றார். உள்ளங்கையால் நாற்காலிக் கையில் குளம்படி போலத் தட்டிக்கொண்டே பாடினார். குரலைச் சட்டென்று உச்சிக்கு ஏற்றி இறக்கும் யோடல் வரும் இடத்தில் குரல் உடைந்தது, நிறுத்திவிட்டு மறுபடி அந்த அடியிலிருந்து எடுத்தார். திரையில் துப்பாக்கிச் சண்டை முடிந்தேவிட்டது. அவர் கடைசிச் சரணம் வரை பாடிவிட்டுத்தான் நிமிர்ந்தார். அந்தப் படத்தில் அப்படி இரண்டு இடம்.

பாட்டு எங்கே போனது? டிவி வந்தபோது ரிபப்ளிக் தன் பழைய படங்களை அதற்கு விற்றது. ஒரு மணி நேரத்தில் விளம்பரத்துக்கும் இடம் வேண்டுமே, அதனால் 53 நிமிடத்துக்கு வெட்டினார்கள். எதை வெட்டுவது? பாட்டை எடுத்தால் கதை தடைப்படாது என்று கத்தரிக்குத் தோன்றியது. ஆட்ரி வழக்குப் போட்டார், 1954-ல் மேல்முறையீட்டிலும் தோற்றார். இரண்டு தலைமுறை அந்த மொட்டைப் படங்களைப் பார்த்துவிட்டு, இவை வெறும் குதிரை ஓட்டம் என்று சிரித்தது. பிற்பாடு ஆட்ரி தரப்பே தேடிப்பிடித்து முழுப் படங்களாக மீட்டெடுத்தார்கள். அத்தனை பாடுபட்டு ஒட்டவைத்ததை நீங்கள் கட்டை விரலால் மறுபடி வெட்டியிருக்கிறீர்கள், ர. எனக்குக் கோபம் வராமல் எப்படி இருக்கும்? துரத்தல் எல்லாப் படத்திலும் ஒன்றுதான், பாறைகூட அதே பாறைதான். ஜனங்கள் அந்தக் குரலைக் கேட்கக் காசு கொடுத்தார்கள். நீங்கள் அதைத் தள்ளிவிட்டு, மிச்சத்தைப் பார்த்து, மிச்சம் நன்றாக இல்லை என்கிறீர்கள்.

உங்களைத் திட்டுவது எனக்குச் சந்தோஷமில்லை. 90 வருடம் பழைய படத்தை நீங்களாகத் தேடிப் போட்டுப் பார்த்திருக்கிறீர்கள், அப்புறம் உட்கார்ந்து கடிதமும் எழுதியிருக்கிறீர்கள். அது சின்ன விஷயமில்லை.

ஐந்து படம் சொல்ல மாட்டேன், ஒன்று சொல்கிறேன். 1939-ல் வந்த ‘தி ப்ரான்ஸ் பக்கரூ’ (The Bronze Buckaroo). ஹெர்ப் ஜெஃப்ரிஸ் நாயகன். கறுப்பினத்தவர் தனிக் கொட்டகையில் உட்காரவேண்டியிருந்த காலத்தில், அவர்களுக்காகவே எடுத்த பாடும் கௌபாய் படம், நடிகர்களும் கறுப்பினத்தவரே. ஜெஃப்ரிஸ் பின்னாளில் டியூக் எலிங்டனின் ஜாஸ் இசைக்குழுவில் பாடியவர், குரல் எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஃபோனைக் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டு உட்காருங்கள். முதல் பாட்டு எந்த இடத்தில் வருகிறது, யாரைப் பார்த்துப் பாடுகிறார் என்று எனக்கு எழுதுங்கள்.