நூடுல்ஸ் பாக்கெட்டில் இருக்கும் 319: பயப்பட வேண்டுமா?

கேள்வி: என் மகனுக்கு 6 வயது, எடை 20 கிலோ. வாரத்தில் மூன்று நான்கு நாள் நூடுல்ஸ், சிப்ஸ் கேட்டு அடம்பிடிக்கிறான். பாக்கெட்டின் பின்னால் 'ஆன்டிஆக்ஸிடன்ட் 319' என்று போட்டிருக்கிறது. அது பெட்ரோலிலிருந்து எடுக்கும் ரசாயனம், 5 கிராம் உள்ளே போனால் உயிருக்கே ஆபத்து என்று வாட்ஸ்அப்பில் வந்தது. மழைக்காலத்தில் அவனுக்கு வீசிங் வேறு வரும். கொடுக்கலாமா, டாக்டர்?

பதில்: பாக்கெட்டைத் திருப்பிப் படித்திருக்கிறீர்களே அம்மா, அதுவே பெரிய விஷயம். இந்தப் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

319 என்பது டி.பி.ஹெச்.க்யூ. எண்ணெய் கெடாமல் காப்பதுதான் அதன் வேலை. தீபாவளிக்குச் சுட்ட முறுக்கு டப்பாவை மூன்று வாரம் கழித்துத் திறந்தால் ஒரு சிக்கு வாடை அடிக்கும் இல்லையா? காற்றில் உள்ள ஆக்ஸிஜன் எண்ணெயைத் தாக்குவதால் வருவது அது. ஒரு மூலக்கூறு கெட்டால் பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும், அது அடுத்ததை. 319 நடுவில் புகுந்து அந்தச் சங்கிலியை அறுக்கிறது. நல்லெண்ணெயில் இதே வேலையைச் செய்யும் பொருள்கள் இயற்கையாகவே இருக்கின்றன. அதனால்தான் அது அவ்வளவு சீக்கிரம் சிக்கு அடிப்பதில்லை.

பெட்ரோலிய மூலப்பொருளிலிருந்து செய்வது என்பது உண்மைதான். காய்ச்சலுக்கு நீங்கள் கொடுக்கும் பாராசிட்டமாலும் அப்படித்தான். எதிலிருந்து வந்தது என்பதைவிட, எவ்வளவு உள்ளே போகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். நம் நாட்டில் ஒரு கிலோ எண்ணெயில் 200 மில்லிகிராமுக்கு மேல் இதைச் சேர்க்கக் கூடாது. அந்தக் கணக்கில் 5 கிராம் உள்ளே போக 25 கிலோ எண்ணெய் குடிக்க வேண்டும்! உலக சுகாதார அமைப்பும் ஐ.நா.வின் உணவு அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு, ஒரு கிலோ உடல் எடைக்கு தினமும் 0.7 மில்லிகிராம் வரை ஆயுள் முழுக்கச் சாப்பிட்டாலும் பாதகமில்லை என்கிறது. உங்கள் பையனுக்கு அது 14 மில்லிகிராம். 70 கிராம் நூடுல்ஸில் கொழுப்பு பத்துப் பன்னிரண்டு கிராம் இருக்கும். உச்ச அளவே சேர்த்திருந்தாலும் 2 மில்லிகிராம் சொச்சம்தான் வரும்.

320 என்ற எண்ணைப் பார்த்தாலும் பலர் பதறுவார்கள். அது பி.ஹெச்.ஏ., இதுவும் எண்ணெய் கெடாமல் காப்பதற்குத்தான். 1980களில் ஜப்பானில் எலிகளுக்கு அதை மிக அதிகமாகக் கொடுத்தபோது, முன்வயிற்றில் கட்டி வந்தது. மனிதர்களுக்கு முன்வயிறு என்ற உறுப்பே கிடையாது. இருந்தாலும், புற்றுநோய் உண்டாக்கக் கூடிய வாய்ப்புள்ள பொருள்கள் பட்டியலில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை அதை வைத்திருக்கிறது. 320 இல்லாத பாக்கெட் கிடைத்தால் அதை வாங்குங்கள். இருப்பதை எப்போதாவது சாப்பிட்டுவிட்டான் என்று தூக்கம் கெட வேண்டாம்.

சரி, அப்படியானால் தாராளமாகக் கொடுக்கலாமா? கூடாது. எனக்குக் கவலை தருவது அந்தப் பாக்கெட்டில் இருக்கும் உப்பும் மைதாவும். ஒரு நூடுல்ஸ் பாக்கெட்டில் சுமார் 2 கிராம் உப்பு இருக்கும். பெரியவர்களே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் நிறுத்த வேண்டும், இவனோ 20 கிலோ பிள்ளை. வாரத்தில் மூன்று நான்கு நாள் என்பதை ஒரு நாளாக்குங்கள். மசாலாத் தூளில் பாதியைப் போட்டு, முட்டையோ காயோ சேர்த்துச் செய்யுங்கள். நாக்கு சீக்கிரம் பழகிவிடும்.

இன்னொன்று. பாக்கெட்டுக்குப் பயந்து வீட்டிலேயே பொரித்துக் கொடுக்கிறேன் என்று, போண்டா சுட்ட எண்ணெயையே திரும்பத் திரும்பக் காய்ச்சாதீர்கள். கறுத்து, நுரைத்து, பிசுபிசுப்பாகிவிட்ட எண்ணெய்க்கு 319 எவ்வளவோ மேல். மீந்த எண்ணெயோடு புது எண்ணெயைக் கலப்பதும் வேண்டாம்.

அப்புறம், வீசிங். அதற்கு 319-ஐச் சந்தேகிக்க வேண்டியதில்லை. நீங்கள் தேட வேண்டியது 220 முதல் 228 வரையிலான எண்கள். இவை சல்பைட் வகை. நிறம் மாறாமல் இருக்க மஞ்சள் நிற உலர் திராட்சை, உலர்ந்த ஆப்ரிகாட், சில பழரசப் பானங்களில் சேர்ப்பார்கள். ஆஸ்துமா உள்ள சிலருக்கு இது மூச்சிரைப்பைக் கிளப்பிவிடும். அடுத்த முறை வீசிங் வந்தால், அதற்கு முந்தைய சில மணி நேரத்தில் என்ன சாப்பிட்டான் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். இரண்டு மூன்று தடவை ஒரே பொருள் வந்தால் அதை நிறுத்திவிட்டு, அந்த நோட்டையும் காலிப் பாக்கெட்டையும் உங்கள் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் தந்திருக்கும் இன்ஹேலரை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.