லேசர் செய்த கண்ணுக்கு எந்த வில்லை? – கேள்வி பதில்

நான் வைத்தியர் அல்லன். கண்புரைச் சத்திரசிகிச்சைக்கு முன்னர் கண்ணை அளந்து, உள்ளே வைக்க வேண்டிய வில்லையின் வலுவைக் கணித்துக் கொடுக்கும் வேலையைத் திருகோணமலையில் 22 ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். அந்த எல்லைக்குள் வரும் கேள்விகளுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

உப்புவெளியிலிருந்து ஓர் ஆசிரியை: 2004 இல் லேசர் செய்து கண்ணாடியைக் கைவிட்டேன். இப்போது இரு கண்ணிலும் புரை. லேசர் செய்த கண்ணை அளப்பது கடினம் என்கிறார்கள். இயந்திரம்தானே அளக்கிறது, டொக்டர்?

டொக்டர் அல்லன், ரீச்சர். இயந்திரம் அளப்பதைவிட, அளந்த பின் அது செய்துகொள்ளும் ஊகத்தில்தான் பெரிய பிழை இருக்கிறது. கண்ணின் முன்னால் இருக்கும் ஒளிபுகும் படலமான விழிவெண்படலத்துக்கு முன்பக்கம், பின்பக்கம் என இரண்டு வளைவுகள் உண்டு. வழமையான கருவி முன்வளைவின் ஆரையை மட்டும் அளந்து, பின்வளைவு அதற்கு வழக்கமான விகிதத்தில் இருக்கும் என்று எடுத்துக்கொண்டு, 337.5 ஐ அந்த ஆரையால் வகுத்து வலுவைச் சொல்கிறது, ஆரை 7.5 மி.மீ. என்றால் 45 டயொப்டர் (வலுவின் அலகு). குறும்பார்வைக்கான லேசர் முன்பக்கத்தைத் தட்டையாக்கிவிட்டுப் பின்பக்கத்தை ஏறக்குறைய அப்படியே விட்டுவிடுவதால் அந்த விகிதம் குலைந்துபோகிறது; கருவிக்கு அது தெரியாது, ஆகவே உள்ளதைவிடக் கூடுதலான வலுவைக் காட்டுகிறது. போதாக்குறைக்கு அது ஏறத்தாழ 3 மி.மீ. விட்டமுள்ள வளையத்தில் அளக்கிறது. லேசர் பட்ட மையமோ அதைவிடத் தட்டையாக இருக்கும்.

வில்லையின் வலுவைக் கணிக்கும் எஸ்.ஆர்.கே/டி போன்ற பழைய சூத்திரங்களுக்கு இன்னொரு பழக்கம் உண்டு: விழிவெண்படலம் தட்டையாக இருந்தால் புதிய வில்லை கண்ணுக்குள் முன்னுக்கு அமரும் என்று கணித்துவிடும். வில்லை அமரும் இடத்தை லேசர் மாற்றுவதில்லை. இந்த மூன்று பிழைகளும் ஒரே பக்கமாக இழுப்பதால், தேவையானதைவிட வலுக்குறைந்த வில்லை தெரிவாகி, கட்டவிழ்த்த பின் தூரமும் மங்கல், கிட்டவும் மங்கல் என்ற நீள்பார்வையில் நோயாளி நிற்பார்.

பாரட் ட்ரூ-கே, ஹைகிஸ்-எல், ஷாமஸ் ஆகிய சூத்திரங்கள் இத்தகைய கண்களுக்கென்றே வந்தவை. நான் அவற்றில் இரண்டு மூன்றை ஒப்பிட்டுப் பார்த்து, சத்திரசிகிச்சைக்குப் பின் எஞ்ச வேண்டிய கண்ணாடி வலுவின் இலக்கைப் பூச்சியத்தில் வைக்காமல் மைனஸ் 0.5 ஐ ஒட்டி, அதாவது சற்றே குறும்பார்வைப் பக்கம், வைக்கும்படி வைத்தியருக்கு எழுதிக் கொடுப்பேன், முடிவு அவருடையது.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: அளவெடுக்க உட்காரும்போது முதல் வார்த்தையாக லேசர் செய்ததைச் சொல்லுங்கள். ஒரு நாள் ஒரு பெண்மணியின் கண் நீளம் 27 மி.மீ., விழிவெண்படலத்தின் வலு 38 என்று திரையில் விழுந்தது. அவ்வளவு நீளமான கண்ணுக்கு அவ்வளவு தட்டையான முன்பக்கம் இயற்கையில் அபூர்வம் என்பதால் இருமுறை கேட்டேன். இருமுறையும் இல்லை என்றார். கணவர் தேநீர் வாங்கப் போன பிறகுதான், கல்யாணம் பேசுவதற்கு முன் கொழும்பில் செய்ததாகத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

கிண்ணியா: என் வாப்பாவுக்கு நீரிழிவு உள்ளது. லேசர் செய்யவில்லை. சத்திரசிகிச்சை செய்யலாமா?

கண் வைத்தியரிடம் விழித்திரையைக் காட்டிக் கேளுங்கள், தம்பி.

மூதூர்: முன்பு மைனஸ் 4, பிறகு லேசர். எத்தனை வலுவுள்ள வில்லை வரும்?

கண்ணின் நீளம் தெரியாமல் எவராலும் சொல்ல முடியாது. நீளத்தில் 1 மி.மீ. பிழைத்தாலே ஏறத்தாழ 2.5 டயொப்டர் பிழைக்கும்.

நகரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் நண்பர்: இத்தனை சூத்திரம் எதற்கு? லேசருக்கு முன்னிருந்த விழிவெண்படல வலுவிலிருந்து கண்ணாடி வலுவின் மாற்றத்தைக் கழித்தால் போதும். என் வாடிக்கையாளருக்கு முன்பு 44, கண்ணாடி மைனஸ் 8. இப்போது மைனஸ் 2. மாற்றம் 6. ஆகவே 38.

அண்ணை, கழிக்கும் முறை பழைய முறைதான், நானும் செய்திருக்கிறேன். ஆனால் உங்கள் கணக்கில் இரண்டு ஓட்டைகள் உள்ளன. கண்ணாடி கண்ணிலிருந்து 12 மி.மீ. தள்ளி நிற்கிறது, அங்கே மைனஸ் 8 என்பது விழிவெண்படலத்தில் மைனஸ் 7.3 தான். அடுத்தது, இன்றைய மைனஸ் 2 எங்கிருந்து வந்தது? புரை முற்றிக் கண்ணின் இயற்கை வில்லையின் நடுக்கரு இறுகும்போது கண் குறும்பார்வைப் பக்கம் நகரும். அதை லேசர் விட்டுவைத்த மிச்சம் என்று எண்ணிக் கழித்துவிட்டீர்கள்.

அதே நண்பர்: லேசருக்குப் பின் அவர் கண்ணாடி இல்லாமல் லொறி ஓட்டினார். ஆகவே பூச்சியம் என்று வைத்துக்கொண்டாலும் வித்தியாசம் சிறிதுதானே?

44 இலிருந்து 7.3 போனால் 36.7. உங்களுடையது 38. அந்த 1.3 ஏறத்தாழ முழுதாகவே நீள்பார்வையாக அவர் தலையில் விழும். இன்னொன்றும் கேட்கிறேன்: அந்த 44 எழுத்தில் இருக்கிறதா, அவர் நினைவில் இருக்கிறதா? இந்த முறையில் பழைய எண்ணில் 1 டயொப்டர் தவறினால் விடையிலும் 1 தவறும். பழைய எண் எதுவும் கேட்காத சூத்திரங்களை நான் விரும்புவது அதனால்தான்.

தம்பலகாமம்: முன்பு மைனஸ் 5.5, லேசர் செய்தேன். எத்தனை வலு வரும்?

மூதூருக்குச் சொன்ன பதிலே. லேசர் செய்ததைச் சொல்லுங்கள்.

நிலாவெளி: எனக்கு லேசர் அல்ல, 1990 அளவில் கத்தியால் ஆரைக்கோடுகளாகக் கீறினார்கள்.

அது வேறு பிரச்சினை. காலையிலும் மாலையிலும் அளவு மாறக்கூடும் என்பதால் இரு வேளையும் அளக்க வேண்டும். சத்திரசிகிச்சைக்குப் பின் கீறல்கள் வீங்கிச் சில வாரங்கள் நீள்பார்வை தோன்றலாம். அவசரப்பட்டு வில்லையை மாற்றக் கேட்காதீர்கள்.

பெயர் குறிப்பிடாதவர்: டொக்டர், மைனஸ் 3, லேசர், எத்தனை?

டொக்டர் அல்லன். மூதூர்.

கண்ணாடிக் கடை நண்பர் மீண்டும்: 44 அவர் நினைவிலிருந்து சொன்னதுதான். ஆனால் லேசருக்கு முன் அணிந்த கண்ணாடி அவர் வீட்டில் இருக்கிறது.

முன்பே சொல்லியிருக்கலாமே, அண்ணை. அதை உங்கள் கடையில் கண்ணாடியின் வலுவை அளக்கும் லென்சோமீற்றரில் வைத்து அளந்து எழுதுங்கள். லேசருக்குப் பின், புரை தொடங்குமுன் எடுத்த பரிசோதனைத் துண்டு ஏதும் இருந்தால் அதையும் சேருங்கள். பாரட் சூத்திரம் அந்த இரண்டையும் ஏற்றுக்கொள்ளும். 44 ஐ எழுத வேண்டாம்.