மருந்துப் பட்டியல் முதலில், பிளான் கடைசியில்

கேள்வி: ஐயா, நான் நியூ ஜெர்சி எடிசனில் வசிக்கிறேன். ஐடி வேலை போன பிறகு ஹெல்த் இன்ஷூரன்ஸ் லைசென்ஸ் எடுத்தேன். முதியவர்களுக்கான அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேரின் பிளான்களை விற்பதற்கான பயிற்சியையும் முடித்துவிட்டேன். இங்கே பிள்ளைகளோடு வசிக்கும் நம் பெரியவர்களுக்கு மருந்துச் செலவு பெரிய கவலை. கோயிலில் பார்க்கும்போதெல்லாம் "தம்பி, எந்த பிளான் நல்லது?" என்று கேட்கிறார்கள். வாயைத் திறந்தாலே விதியை மீறிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. மருந்துக்கான பார்ட் டி காப்பீடு பற்றி நான் எதைப் பேசலாம், எப்படிப் பேசலாம்?

பதில்: கோயில் வாசலில் அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான். "அம்மா, நீங்கள் சாப்பிடும் மருந்துகளைப் பார்க்காமல் என்னால் சொல்ல முடியாது. இது என் கார்டு, வசதிப்படும்போது கூப்பிடுங்கள்." விதிக்குப் பயந்து சொல்லும் சாக்கு இல்லை இது, உண்மையே அதுதான். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவருக்கு மலிவாக அமையும் பிளான், ஜார்டியன்ஸும் எலிக்விஸும் சாப்பிடுகிற பக்கத்து வீட்டுக்காரருக்குக் கட்டுப்படியாகாமல் போகலாம். அதனால்தான் தகுந்த ஆதாரம் இல்லாமல் ஒரு பிளானை "மிகச் சிறந்தது" என்று சொல்லவே மெடிகேரை நடத்தும் சிஎம்எஸ் அனுமதிப்பதில்லை.

யார் யாரை முதலில் கூப்பிட்டார்கள் என்பதில்தான் புது ஏஜென்ட்கள் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். பெரியவர் உங்களைக் கூப்பிடலாம். அவர் கேட்காமல் நீங்கள் போன் செய்யக்கூடாது, கதவைத் தட்டக்கூடாது, தனிச்செய்தி அனுப்பக்கூடாது. நம் சமூகத்தில் இது கடினம் என்று எனக்குத் தெரியும். "என் சம்பந்தி நம்பர் தரேன், நீயே பேசுப்பா" என்பார்கள். அந்த நம்பரை வாங்கி நீங்கள் அழைத்தால் அது விதிமீறல். இன்னும் இரண்டு கார்டு கொடுத்து, சம்பந்தியையே கூப்பிடச் சொல்லுங்கள்.

அவர் கூப்பிட்டு நேரம் குறித்ததும், எதைப் பற்றிப் பேசப்போகிறோம் என்ற ஒப்புதலை எழுத்திலோ குரல் பதிவிலோ வாங்க வேண்டும். இதை ஏஜென்ட்கள் எஸ்ஓஏ என்கிறோம். அதில் பார்ட் டி என்று மட்டும் குறித்திருந்தால் அன்று பார்ட் டி மட்டுமே பேச்சு. மெடிகேர் காப்பீடு முழுவதையும் தனியார் நிறுவனம் வழியாகத் தரும் அட்வான்டேஜ் பிளான் பற்றி அவரே கேட்டால் அதற்கும் புதிதாக ஒப்புதல் வாங்குங்கள். ஒப்புதலுக்கும் சந்திப்புக்கும் இடையே 48 மணி நேரம் இருக்க வேண்டும் என்ற விதி 2023 இலையுதிர்காலத்தில் வந்தது. அவரே நேரில் வந்து நின்றாலோ, சேரும் காலத்தின் கடைசி நான்கு நாட்களிலோ விலக்கு உண்டு. இத்தகைய நேரக் கணக்குகளை சிஎம்எஸ் அவ்வப்போது மாற்றும். ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்கும் பயிற்சியில் இதைத் தேடிப் படியுங்கள்.

போனில் பேசுவதானால், விற்பனை தொடர்பான பேச்சு முழுவதும் பதிவாக வேண்டும். எல்லா நிறுவனங்களின் பிளான்களையும் நீங்கள் விற்பதில்லை என்பதையும், மெடிகேர் இணையதளத்திலும் நியூ ஜெர்சி மாநிலத்தின் இலவச மெடிகேர் ஆலோசனைத் திட்டமான ஷிப்பின் ஆலோசகர்களிடமும் இலவசமாகக் கேட்கலாம் என்பதையும் தொடக்கத்திலேயே சொல்ல வேண்டும். இதை அவசரமாக ஒப்பித்துத் தள்ளுகிறவர்கள் உண்டு. நீங்கள் தமிழில் நிதானமாகச் சொல்லுங்கள். வேறு இடத்திலும் விசாரிக்கலாம் என்று சொல்கிற ஏஜென்ட்டைப் பெரியவர்கள் கூடுதலாகவே நம்புவார்கள்.

இனி மருந்துப் பட்டியல். உங்கள் வேலையின் உயிர்நாடி இதுதான். நம் பெரியவர்களிடம் சிக்கல் அதிகம் உள்ள இடமும் இதுதான். பையைத் திறந்து மேசையில் கொட்டினால் டெல்மா, தைரோநார்ம், எக்கோஸ்ப்ரின், கிளைகோமெட் ஜிபி என்று வரும். இவை இந்தியப் பெயர்கள். மெடிகேர் இணையதளத்தின் பிளான் தேடலில் இவற்றுக்கு இடமில்லை. டெல்மா என்பது டெல்மிசார்டன், தைரோநார்ம் என்பது லெவோதைராக்ஸின் என்று உங்களுக்கே தெரிந்திருக்கலாம். ஆனாலும் நீங்களாக மாற்றி எழுத வேண்டாம். கிளைகோமெட் ஜிபியில் மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் ஒரே மாத்திரையில் இருக்கின்றன. அந்தச் சேர்க்கை அமெரிக்க மருந்துக்கடைகளில் கிடைக்காது. இங்கே அதற்கு எதைக் கொடுப்பது என்பது டாக்டரின் முடிவு. அமெரிக்க டாக்டர் எழுதிய பட்டியலை, மில்லிகிராம் அளவோடு, வாங்கி வரச் சொல்லுங்கள். "இந்த பிராண்டை விட்டு ஜெனரிக்குக்கு மாறினால் செலவு குறையும், டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள்" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். "மாறுங்கள்" என்று நீங்கள் சொல்லக்கூடாது.

பட்டியல் கையில் வந்ததும், அவர் வழக்கமாகப் போகும் மருந்துக்கடையையும் சேர்த்துத் தேடலில் போடுங்கள். ஒவ்வொரு மருந்தும் பிளானின் ஃபார்முலரியில், அதாவது அது பணம் தரும் மருந்துகளின் பட்டியலில் இருக்கிறதா, எந்தக் கட்டண அடுக்கில் இருக்கிறது, முன் அனுமதி தேவையா, முதலில் மலிவான மருந்தைச் சாப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறதா என்று பாருங்கள். பிறகு ஆண்டு முழுவதற்குமான மொத்தச் செலவைக் காட்டுங்கள். பிரீமியம் பூஜ்யம் என்பதைச் சொல்லி விற்பது எளிது. பிளான் பணம் தரத் தொடங்குமுன் அவரே கட்டும் டிடக்டிபிளும், ஒவ்வொரு முறை மருந்து வாங்கும்போதும் கட்டும் கோபேயும் சேர்ந்தபின் பூஜ்யம் எங்கே போகிறது என்று காட்டுவதுதான் உங்கள் கடமை.

"மாத்திரையெல்லாம் ஊரிலிருந்து கொண்டுவந்துவிடுவோம், எங்களுக்கு எதற்கு பார்ட் டி?" என்பது அடுத்து வரும் கேள்வி. இந்தியாவில் சிட்டாகிளிப்டினின் காப்புரிமை 2022-இல் முடிந்து விலை சரிந்தது. இங்கே அதே மருந்தான ஜானுவியாவின் பட்டியல் விலை மாதம் 527 டாலராக இருந்தது. மெடிகேர் பேரம் பேசியபின் 2026 முதல் 113 டாலர். மனக்கணக்குப் போட்டால் ஊர்தான் லாபம் என்று தோன்றும். அதோடு நீங்கள் வாதாட வேண்டாம். இரண்டு உண்மைகளை மட்டும் சொல்லுங்கள். வெளிநாட்டில் வாங்கிய மருந்துக்கு பார்ட் டி பணம் தராது. சேரத் தகுதி இருந்தும், அதற்கு ஈடான வேறு காப்பீடு இல்லாமல் தொடர்ந்து 63 நாட்களோ அதற்கு மேலோ இருந்துவிட்டால், பின்னால் சேரும்போது அபராதம் உண்டு. விடுபட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் அடிப்படை பிரீமியத்தில் 1 சதவீதம். 2026-இல் அந்த அடிப்படை 38.99 டாலர், டாக்டர் செலவுக்கான பார்ட் பி எடுத்து பார்ட் டி எடுக்காமல் 30 மாதம் கழித்தவருக்கு மாதம் 11.70 டாலர் கூடும், பார்ட் டி வைத்திருக்கும் காலம் முழுவதும். இன்று இரண்டே மாத்திரை சாப்பிடுகிறவருக்கு நாளை என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது.

மருந்துக்காக ஒருவர் ஓராண்டில் கையிலிருந்து கட்டும் தொகைக்கு 2026-இல் உள்ள 2,100 டாலர் உச்சவரம்பைப் பற்றிப் பேசும்போது கவனம். "அதற்கு மேல் ஒரு காசு செலவில்லை" என்று சொன்னால் தவறு. பிளானின் பட்டியலில் உள்ள பார்ட் டி மருந்துகளுக்கு மட்டுமே அந்த வரம்பு. பிரீமியம் அதில் சேராது, பட்டியலுக்கு வெளியே உள்ள மருந்தும் ஊரிலிருந்து வந்த மாத்திரையும் சேரா. ஜனவரியிலேயே பெரிய தொகை வந்துவிடும் என்று கவலைப்படுகிறவருக்கு, அதை மாதாமாதம் பிரித்துக் கட்டும் வசதி 2025 முதல் உண்டு. காப்பீட்டில் அடங்கிய இன்சுலினுக்கு மாதம் 35 டாலருக்கு மேல் இல்லை, ஷிங்கிள்ஸ் தடுப்பூசிக்குக் கட்டணமே இல்லை. வருமானமும் சேமிப்பும் குறைவாக உள்ளவரிடம் பார்ட் டி செலவைக் குறைக்கும் அரசு உதவியான எக்ஸ்ட்ரா ஹெல்ப் பற்றிக் கட்டாயம் சொல்லுங்கள். அதனால் உங்களுக்கு வருமானம் இல்லை, அவருக்கு வாழ்க்கையே மாறலாம்.

வருமானம் என்றதும் ஒன்றை வெளிப்படையாகப் பேச வேண்டும். 2026-இல் தனி பார்ட் டி பிளானில் ஒருவரைப் புதிதாகச் சேர்த்தால் கமிஷன் உச்சம் 114 டாலர். அட்வான்டேஜ் பிளானில் சேர்த்தால் நியூ ஜெர்சியில் 864 டாலர். பல பார்ட் டி பிளான்களுக்கு நிறுவனங்கள் கமிஷனையே நிறுத்திவிட்டன. எந்தப் பக்கம் உங்கள் பேச்சு சாயும் என்பது உங்களுக்கே தெரியும். மருந்துக்காக மட்டும் வந்தவரை டாக்டர்களின் வட்டம் சுருங்கும் பிளானுக்குத் தள்ளாதீர்கள். கமிஷன் இல்லாத பிளான்தான் அவருக்குப் பொருந்துகிறது என்றால், மெடிகேர் இணையதளத்தில் அவரே சேர உதவுங்கள். நிதி ஆலோசகனாக இன்னொன்றும் சொல்வேன்: அதே சந்திப்பில் ஆன்யுட்டி, ஆயுள் காப்பீடு என்று பேச்சை இழுப்பது தடை. மருந்துப் பையோடு வந்து உட்கார்ந்தவரிடம் ஓய்வூதியப் பணத்தைப் பற்றிப் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

கையெழுத்து பெரியவருடையதாக இருக்க வேண்டும். மகன் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கலாம், மொழிபெயர்க்கலாம். சட்டப்படி அதிகாரப் பத்திரம் இல்லாமல் அம்மாவுக்காக மகன் கையெழுத்திட முடியாது. ஏற்கெனவே எச்எம்ஓ வகை (குறிப்பிட்ட டாக்டர்கள் வட்டத்துக்குள் மட்டும் செல்லும்) அட்வான்டேஜ் பிளானில் இருக்கிறாரா, பழைய கம்பெனியின் ஓய்வுக்காலக் காப்பீடு உண்டா என்று கையெழுத்துக்கு முன் கேளுங்கள். தனி பார்ட் டி எடுத்தால் அந்த அட்வான்டேஜ் பிளான் தானாக ரத்தாகும். கம்பெனிக் காப்பீடும் போய்விடலாம், போனால் பெரும்பாலும் திரும்பக் கிடைக்காது.

அடுத்த ஆண்டின் பிளான்களைப் பற்றி அக்டோபர் 1-க்கு முன் விளம்பரப் பேச்சு கூடாது. சேர்க்கை அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை. செப்டம்பர் இறுதிக்குள் ஒவ்வொருவருக்கும் அவருடைய பிளானிலிருந்து மாற்ற அறிவிப்புக் கடிதம் வந்துவிடும். அதைக் குப்பையில் போடாமல் எடுத்துவைக்கும்படி, சேர்க்கும் அன்றே சொல்லிவிடுங்கள்.