திரையும் பெட்டியும் ஒட்டியே இருக்க வேண்டுமா?

கம்ப்யூட்டர் கேள்வி-பதில்

இந்த முறை செட்டிநாட்டுப் பக்கமிருந்து வந்த கடிதங்கள் ஒரே பொருளைச் சுற்றியே இருந்தன: விலை கூடிய, பிறகு எதையும் மாற்ற முடியாத, திரைக்குள்ளேயே எல்லாம் அடங்கிய ஆல்-இன்-ஒன் கம்ப்யூட்டர்கள்.

கே: காரைக்குடியில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். ஆப்பிள் நிறுவனத்தின் ஆல்-இன்-ஒன்னான ஐமேக் வாங்க நினைக்கிறேன். பங்காளி ஒருவர், "பின்னாடி ஒரு ரேம்கூட மாத்த முடியாது, அதுல போய் காசைக் கொட்டாதே" என்கிறார். யார் சொல்வது சரி?

ப: உங்கள் வேலைக்கு, பங்காளி சொல்வதுதான் சரி. ஆனால் அவர் சொல்லும் காரணம் பாதிதான்.

இந்த வாதம் சூடுபிடித்தது 2017 டிசம்பரில், ஐமேக் ப்ரோ 4,999 டாலர் விலையில் வந்தபோது. 8 கோர் ஸியான் பிராசசர், 32 ஜிபி இசிசி ரேம் (பிழையைத் தானே திருத்தும் தற்காலிக நினைவகம்), 1 டிபி எஸ்எஸ்டி (கோப்புகள் இருக்கும் சேமிப்பகம்), வேகா 56 கிராபிக்ஸ், 10 கிகாபிட் ஈதர்நெட், 27 அங்குல 5கே திரை எல்லாம் அதற்குள் இருந்தன. அதே தரத்துப் பாகங்களைத் தனித்தனியே வாங்கிப் பூட்டினாலும் அன்றைக்குத் தொகை பெரிதாகக் குறையாது. ஆகவே "கொள்ளை விலை" என்ற பேச்சு நிற்காது.

நிற்கிற பேச்சு வேறு. செட்டிநாட்டு வீட்டில் ஒரே கூரைக்குக் கீழ் எத்தனை புள்ளி (கல்யாணமான ஜோடி) இருந்தாலும் கல்யாணமானதும் வேறு வைத்துவிடுவார்கள். அடுப்பும் கணக்கும் தனி. ஆல்-இன்-ஒன்னில் அது நடக்காது. நல்ல திரை பத்து வருஷம் உழைக்கும். எடிட்டிங் செய்யும் பிராசசரும் ரேமும் ஐந்தாறு வருஷத்தில் மூச்சு வாங்க ஆரம்பிக்கும். அப்போது திரையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மாற்ற வழியில்லை. பழைய ஐமேக் சிலவற்றை வேறு கம்ப்யூட்டருக்கு மானிட்டராகப் பயன்படுத்தும் வசதி இருந்தது. 2014-ல் 5கே திரை வந்ததும் அது போய்விட்டது.

ரேம் மாற்ற முடியாததில் ஓரளவு நியாயம் உண்டு. ஆப்பிளின் சொந்த பிராசசர்களான எம் வரிசை சிப்புகளில் ரேம் சிப்புக்கு ஒட்டியே உட்கார்ந்திருக்கிறது. அந்த வரிசையின் எம்4-ல் நொடிக்கு 120 ஜிபி வேகத்தில் தரவு போய்வருகிறது. இரண்டு டிடிஆர்5-5600 ரேம் ஸ்டிக் போட்ட சாதாரண பிசியில் அது 90 ஜிபிக்குள்தான். எஸ்எஸ்டியைப் போர்டோடு பற்றவைத்ததற்கு அந்த நியாயம் கிடையாது. அதே நிறுவனம் மேக் ஸ்டுடியோ என்ற திரையில்லாத கம்ப்யூட்டரில் கழற்றக்கூடிய அட்டையில்தான் எஸ்எஸ்டி வைக்கிறது. வேகம் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

இனி கணக்கு. 2024 அறிமுக விலைப்படி எம்4 ஐமேக் ரூ.1,34,900-ல் தொடங்கியது, திரையில்லாத சிறு பெட்டியான எம்4 மேக் மினி ரூ.59,900-ல். இரண்டிலும் 16 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. அடிப்படை ஐமேக்கில் 8 கோர், அடிப்படை மினியில் 10 கோர்; விலை குறைந்ததில்தான் கோர் அதிகம். மீதமாகும் 75,000 ரூபாயில் நல்ல 27 அங்குல 4கே மானிட்டர், கீபோர்டு, மவுஸ் வாங்கி, வெளி எஸ்எஸ்டிக்கும் ஒதுக்கலாம். மினியிலும் ரேம் மாற்ற முடியாது என்பது உண்மை. ஆனால் ஆறு வருஷம் கழித்துத் தூக்கிப்போடப் போவது கைக்குள் அடங்கும் ஒரு பெட்டியை. மானிட்டர் மேஜையிலேயே இருக்கும்.

ஐமேக் திரைக்கென்று ஒரு பெருமை உண்டு, மறைக்க வேண்டாம். எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். 27 அங்குல 4கே மானிட்டரை மேக்கில் மாட்டினால் எழுத்து ஒரு துளி மழுங்கும். வீடியோவில் அது தெரியாது. கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டிசைனருக்கு, சிறிய எழுத்தில் ண-வா ன-வா, புள்ளி இருக்கிறதா இல்லையா என்று பார்க்கிறவருக்கு, அது தெரியும்.

எதை வாங்கினாலும் பணத்தை முதலில் ரேமில் போடுங்கள். 16-லிருந்து 24 ஜிபிக்கு ரூ.20,000 கேட்டார்கள். கசப்பான விலைதான், ஆனால் வாங்கும் அன்று மட்டுமே கிடைப்பது அது. இரண்டு கேமராப் பதிவையும் ஒன்றாக ஓட்டி வெட்டும் 4கே மல்டிகேம் வேலைக்கு 24-க்குக் கீழே இறங்காதீர்கள். சேமிப்பிடத்தை வெளியே வைத்துக்கொள்ளலாம். 100 மெகாபிட் வேகத்தில் பதியும் 4கே வீடியோ மணிக்கு 45 ஜிபி. இரண்டு கேமரா தலா 6 மணி நேரம் ஓடினால் ஒரு கல்யாணத்துக்கு 540 ஜிபி. 10 கிகாபிட் யூஎஸ்பி-சி எஸ்எஸ்டி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அதை மாற்றப் பத்துப் பதினைந்து நிமிஷம் போதும். சாதாரண கிகாபிட் நெட்வொர்க் வழியாக என்றால் ஒன்றரை மணி நேரம் பக்கம் ஆகும்.

கே: சென்னையில் ஒரு ஸ்டுடியோவை மூடுகிறார்கள். 2017 ஐமேக் ப்ரோவை 90,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார்கள். அந்தக் காலத்தில் நாலு லட்சம் பெறுமான பொருள் என்பதால் ஆசையாக இருக்கிறது. (வாசகர், தேவகோட்டை)

ப: வாங்க வேண்டாம். அன்றைய விலை இன்றைய தகுதி ஆகாது. இதற்குக் கிடைக்கும் கடைசி மேக் ஓஎஸ் 2024-ல் வந்த செக்கோயா. அதற்கடுத்த தாஹோ இதில் ஏறாது. பாதுகாப்பு அப்டேட் இன்னும் கொஞ்ச காலம் வரும், அவ்வளவுதான். எடிட்டிங் மென்பொருள்களின் புதிய பதிப்புகளும் ஒவ்வொன்றாகக் கைவிடும்.

"இதில் ரேம் ஏற்றலாமே" என்று விற்பவர் சொல்வார். பொய்யில்லை, உள்ளே நான்கு ஸ்லாட் இருக்கின்றன. ஆனால் பின்பக்கக் கதவு கிடையாது. திரையைச் சுற்றியுள்ள ஒட்டுப் பட்டையை வட்டக் கத்தியால் அறுத்து, கண்ணாடியைத் தூக்கி, கேபிள்களைக் கழற்றி, போர்டு வரை போக வேண்டும். கத்தி கொஞ்சம் ஆழமாகப் போனால் கேபிள் போகும். கண்ணாடியை நெம்பினால் ஓரம் விரியும். அறுத்த பட்டை மறுபடி ஒட்டாது, புதிது வாங்க வேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

விலை பாதியாக இறங்கி, வேலையும் பழைய மென்பொருளிலேயே ஓடுமென்றால் பார்க்கலாம். அப்படியென்றால் நேரில் போங்கள். முதலில் திரை முழுக்க வெள்ளை, பிறகு நடுத்தரச் சாம்பல் படம் போட்டுப் பாருங்கள். மூலைகளில் கரிக்கறை, ஓரத்தில் இளஞ்சிவப்புச் சாயல் இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். பழைய உரிமையாளரின் ஆப்பிள் ஐடி நீக்கப்பட்டு, தொலைந்த கருவியைக் கண்டுபிடிக்கும் 'ஃபைண்ட் மை' அணைந்திருக்க வேண்டும். விற்கும் ஸ்டுடியோவின் கட்டுப்பாட்டுப் பதிவு (தூரத்திலிருந்தே பூட்டும் ஏற்பாடு) ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தெரிய, முழுக்க அழித்து, இணையத்தோடு இணைத்துப் புதிதாகத் தொடங்கவைத்துப் பார்க்க வேண்டும். பின்னாலுள்ள நான்கு யூஎஸ்பி, நான்கு தண்டர்போல்ட் துளைகள் ஒவ்வொன்றிலும் டிரைவ் மாட்டிப் பாருங்கள்.

கே: 27 அங்குல 2019 ஐமேக், 8 ஜிபி ரேம். பத்திரிகை டிசைன் வேலையில் திணறுகிறது. இதையும் அறுத்துத்தான் திறக்க வேண்டுமா? (டிசைனர், கோட்டையூர்)

ப: வேண்டாம், நீங்கள் தப்பித்தீர்கள். 27 அங்குல 2019, 2020 மாடல்களுக்குப் பின்பக்கம் ரேம் கதவு உண்டு. 21.5 அங்குலத்துக்குக் கிடையாது.

ஷட் டவுன் செய்து, பவர் கேபிளை உருவி, ஐந்து நிமிஷம் ஆறவிடுங்கள். மெத்தென்ற துண்டு விரித்து, திரை கீழே இருக்கும்படி படுக்கவையுங்கள். பவர் கேபிள் சொருகும் குழிக்குள் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் கதவு கிளம்பும். கேபிளை உருவினால்தான் அந்தப் பொத்தானே கைக்கு எட்டும். உள்ளே இருபுறமும் இரண்டு நெம்புகோல். வெளிப்பக்கமாகத் தள்ளி இழுத்தால் ரேம் கூடு முன்னால் வரும்.

வாங்க வேண்டியது டிடிஆர்4-2666, 260 பின் எஸ்ஓ-டிம், இசிசி இல்லாதது. 16 ஜிபி ஸ்டிக் இரண்டு வாங்கிக் காலியான இரண்டு ஸ்லாட்டில் போட்டால் மொத்தம் 40 ஜிபி. ஸ்டிக்கின் வெட்டு சரியாகப் பொருந்தியதா என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள். அரைகுறையாக உட்கார்ந்தால் பீப் அடித்துக்கொண்டே நிற்கும். முதல் முறை ஆன் செய்ததும் திரை அரை நிமிஷமோ அதற்கு மேலோ கறுப்பாகவே இருக்கும். புது ரேமைப் பழக்கிக்கொள்கிறது, பயந்து அணைத்துவிடாதீர்கள்.

வாங்குமுன் ஒரு சோதனை: வேலை நடக்கும்போது, மேக்கிலேயே உள்ள ஆக்டிவிட்டி மானிட்டர் செயலியில் மெமரி பிரஷர் கோட்டைப் பாருங்கள். மஞ்சள், சிவப்பு என்றால் ரேம்தான் காரணம். பச்சையாகவே இருந்து மெதுவாக ஓடினால் குற்றவாளி உள்ளேயிருக்கும் ஃப்யூஷன் டிரைவாக (ஹார்டு டிஸ்க்கும் சிறிய எஸ்எஸ்டியும் சேர்ந்தது) இருக்கும். அதற்கு ரேம் மருந்தல்ல. வெளி எஸ்எஸ்டியில் ஓஎஸ் நிறுவி அதிலிருந்தே ஓட்டுங்கள்.

கே: புதுவயலில் ஸ்டுடியோ. பக்கத்திலேயே அரிசி ஆலை. தூசி, வெயில், கரண்ட் எல்லாமே தொல்லை. ஆல்-இன்-ஒன் தாங்குமா?

ப: தவிட்டுத் தூசிக்கு ஆல்-இன்-ஒன் ஏற்றதல்ல. டவர் பெட்டி என்றால் இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி, புளோயரால் பத்து நிமிஷத்தில் ஊதிவிடலாம். ஊதும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். சுற்றவிட்டால் பேரிங் கெடும். ஐமேக்கில் கீழ் விளிம்புத் துளைகளை மென்மையான பிரஷ்ஷால் துடைக்கலாம், அதற்கு மேல் கண்ணாடியை அறுத்தால்தான் உள்ளே போக முடியும். ஐமேக் வேலை செய்ய நிறுவனம் சொல்லும் வெப்பம் 10 முதல் 35 டிகிரி வரை. நம் சித்திரை, வைகாசியில் ஏசி இல்லாத அறை அதைத் தாண்டிவிடும்.

ஸ்டெபிலைசர் தேவையில்லை, ஐமேக்கின் பவர் சப்ளை 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும். தேவை யூபிஎஸ்ஸும் எர்த்தும். 24 அங்குல ஐமேக்கின் அடாப்டர் 143 வாட். 360 வாட் தரும் 600 விஏ யூபிஎஸ் போதும். ஐமேக் ப்ரோ முழு வேகத்தில் 370 வாட் இழுக்கும். அதே யூபிஎஸ் ரெண்டரிங் நடுவில் கையை விரித்துவிடும். வீட்டு இன்வெர்ட்டரில் மாட்டுவதானால் சைன் வேவ் வகைதானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அலுமினிய உடம்பைத் தொட்டால் சுருசுருவென்று இருக்கிறதா? எர்த் இல்லை என்று அர்த்தம். பழைய வீட்டு ஒயரிங்கில் மூன்று பின் பிளக் பாயிண்ட் இருக்கும், எர்த் ஒயர் இருக்காது. எலக்ட்ரீஷியனை வைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே அளக்கச் சொல்லுங்கள்; 5 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும்.

கே: கானாடுகாத்தானில் பழைய வீட்டைத் தங்கும் விடுதியாக நடத்துகிறோம். முகப்பில் ரிசப்ஷனுக்கு ஆல்-இன்-ஒன் வைக்கலாமா?

ப: தாராளமாக. புக்கிங், பில், மெயில் வேலைக்கு ஒயர் குறைவாக, பார்க்க அழகாக இருப்பதுதான் முக்கியம். புரொபஷனல் மாடல் வேண்டாம். நடுத்தர விலை விண்டோஸ் ஆல்-இன்-ஒன் போதும். ரேம் ஸ்லாட் காலியாக இருக்கிறதா, எம்.2 எனும் அட்டை வடிவ எஸ்எஸ்டியைக் கழற்ற முடியுமா என்று மட்டும் கேளுங்கள். ஆல்-இன்-ஒன் என்றாலே மாற்ற முடியாது என்று விதியில்லை. 2012-ல் வந்த எச்பி இசட்1, கார் பானட் மாதிரி திரையைத் தூக்கித் திறக்கும்படி செய்யப்பட்டது, ஸ்க்ரூடிரைவர்கூட வேண்டாம். முற்றத்து வெளிச்சம் பளபளப்புத் திரையில் அப்படியே விழும், அதனால் முற்றத்துக்குப் பக்கவாட்டில் வையுங்கள்.

கே: ஐயா வீட்டுப் பழைய கணக்குப் பேரேடு, பர்மா கால போட்டோக்கள் எல்லாம் ஸ்கேன் செய்து ஐமேக்கில் வைத்திருந்தோம். இப்போது ஆன் ஆகவில்லை. டிஸ்க்கைக் கழற்றி எடுக்க முடியாது என்கிறார்கள். உண்மையா? (வாசகி, பள்ளத்தூர்)

ப: எந்த வருஷத்து மாடல் என்பதைப் பொறுத்தது. 2019 வரையான சாதாரண ஐமேக் என்றால் திரையைத் திறந்து டிரைவை எடுக்கலாம். ஃப்யூஷன் டிரைவ் என்றால் ஹார்டு டிஸ்க், உள்ளேயிருக்கும் சிறிய எஸ்எஸ்டி அட்டை இரண்டையும் சேர்த்தே எடுக்கச் சொல்லுங்கள். கோப்புகள் இரண்டிலும் பிரிந்து கிடக்கும். ஐமேக் ப்ரோ, 2020 27 அங்குலம், எம் வரிசை என்றால் கடைக்காரர் சொன்னது உண்மை. தரவைப் பூட்டிய சாவி போர்டில் உள்ள சிப்புக்குள்ளேயே இருக்கிறது. அந்த சிப் உயிரோடு இருக்கும்வரை போர்டைப் பழுதுபார்த்து உயிர்ப்பிப்பது ஒன்றே வழி. அதற்குள் யாரும் "போர்டையே மாற்றித் தருகிறேன்" என்றால் சம்மதிக்காதீர்கள். பழைய போர்டோடு படங்களும் போய்விடும்.

பேரேடுகளும் போட்டோக்களும் வீட்டில் இருக்கின்றனவா? ஸ்கேன் ஆகிவிட்டதே என்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் தாள் தாளாகச் சேர்த்துவைத்ததால்தான் 1994-ல் சென்னையில் அவர் பெயரில் ஓர் ஆராய்ச்சி நூலகம் எழ முடிந்தது. மறுபடி ஸ்கேன் செய்யும்போது 600 டிபிஐ டிஃப் (TIFF) கோப்பாக எடுத்து, மூன்று பிரதி வையுங்கள்: கம்ப்யூட்டரில் ஒன்று, வெளி ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் வீட்டில் இன்னொரு டிஸ்க்கில் ஒன்று. அந்த டிஸ்க்கை ஒவ்வொரு பொங்கலுக்கும் கொண்டுவரச் சொல்லி, மாட்டித் திறந்து பார்த்துக் கொடுத்தனுப்புங்கள்.