விலை கூடிய ஃபிஷிங் ராடு, ரீல் வாங்கினால் கொடுத்த காசுக்குப் பலன் உண்டா?

கேட்டவர் புதிதாகத் தூண்டில் போடத் தொடங்கியவர் போலிருக்கிறது. ‘1,200 ரூபாய்க்கு ராடு, ரீல், நரம்பு எல்லாம் சேர்ந்த செட் கிடைக்கிறது. 40,000 ரூபாய்க்கு வெறும் ரீல் மட்டும் இருக்கிறது. எதை நம்புவது?’ என்று கேட்டிருக்கிறார். ராடு என்றால் தூண்டில் கம்பு, நரம்பு என்றால் தூண்டில் நூல், ரீல் என்றால் அந்த நரம்பைச் சுற்றி வைக்கும் சக்கரம். ரீலுக்கு ஓரளவு வரை கண்டிப்பாகப் பலன் உண்டு. ராடுக்கு அதைவிடக் குறைவு. அந்த அளவைத் தாண்டிப் போகிற காசு மீனுக்குப் போவதில்லை, நம் ஆசைக்குப் போகிறது. ஆசைக்குச் செலவு செய்வது தப்பில்லை. நானும் செய்திருக்கிறேன், வீட்டில் விலையைக் குறைத்துச் சொல்லியும் இருக்கிறேன்.

எனக்குக் கடலூர் மஞ்சக்குப்பம். மீனவர் குடும்பம் இல்லை, ஞாயிற்றுக்கிழமைத் தூண்டில்காரன். பத்து வருடமாகத் தாழங்குடாவில் பெண்ணையாறு கடலில் சேரும் இடம், தேவனாம்பட்டினம், துறைமுகத்துப் பக்கம் உப்பனாற்று முகத்துவாரம் என்று மாற்றி மாற்றி இதே இடங்கள்தான். எல்லாம் கரையில் நின்று வீசுவது. படகில் போகிறவர்கள் கணக்கு வேறு, அதைப் பிறகு சொல்கிறேன்.

என் முதல் செட் அந்த 1,200 ரூபாய் ரகம்தான். ஒன்றுக்குள் ஒன்று தள்ளி மடக்குகிற ஃபைபர் ராடு, மினுமினுப்பான ஒரு ரீல், கூட ஒரு டப்பா பிளாஸ்டிக் மீன்கள். முதல் மூன்று மாதம் கிழங்கான், கெளுத்தி என்று சின்னதாகவே வந்ததால் குறை ஒன்றும் தெரியவில்லை. ஐப்பசி மழை விட்ட ஒரு சாயங்காலம், உப்பனாற்று முகத்துவாரத்தில் உயிர் இறால் கோத்துப் போட்டுவிட்டு நின்றிருந்தேன். கொடுவா அடித்தது. கொடுவா அடித்தால் யாரும் சொல்லத் தேவையில்லை, ராடு நுனி தலைகீழாகத் தண்ணீருக்குள் போகும். மீன் ஓடும்போது ரீல் நரம்பை விட்டுக்கொடுக்க வேண்டும். என் ரீல் விடவில்லை. இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தது, திடீரென்று ஒரு முழம் விட்டது, மறுபடியும் பிடித்தது. மீன் மேலே எழும்பித் தலையை ஓர் உதறு உதறியது. ரீலுக்குள் ‘டக்’ என்றது. கைப்பிடி பின்பக்கமாகச் சுற்றி என் விரல் முட்டியில் நாலு போடு போட்டது. நரம்பு அறுந்தது.

பக்கத்தில் வலை வீசிக்கொண்டிருந்த அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“போயிடுச்சா?”

“போயிடுச்சுண்ணே.”

“நல்ல மீனு” என்றார், அவ்வளவுதான்.

அன்றைக்கு ராத்திரி பேப்பரை விரித்து ரீலைக் கழற்றினேன். மேலே இருக்கும் டிராக் திருகுக்குக் கீழே மூன்று கம்பளி வில்லைகள். ஈரம் குடித்து, காய்ந்து, மறுபடி குடித்து, ஓரம் கருகிய தோசை மாதிரி ஒட்டிக் கிடந்தன. கைப்பிடி பின்னால் சுற்றாமல் தடுக்கிற பூட்டின் உள்ளே துரு. அதற்குள் இருக்கும் ஒரு சின்ன ஸ்பிரிங் இரண்டாக உடைந்திருந்தது. ரீல் விலையில் உள்ள வித்தியாசம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

டிராக் என்பது வேறொன்றுமில்லை, பிரேக். காத்தாடி விடும்போது காற்று இழுத்தால் நூலை விடுவோமே, விரலால் லேசாக அழுத்திக்கொண்டே விடுவோமே, அந்த விரல்தான் டிராக். விரல் ஒரே அழுத்தத்தில் இருக்க வேண்டும். ஒட்டிக்கொண்டு பிறகு விட்டால் நூல் அறும். நரம்பு தாங்கும் பாரத்தில் நாலில் ஒரு பங்குக்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்குக்கு டிராக்கை வைப்பார்கள். 20 பவுண்டு நரம்பு என்றால் 5, 6 பவுண்டு, அதாவது இரண்டரைக் கிலோ பக்கம். ‘10 கிலோ டிராக்’ என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். கரையில் நிற்கும் நமக்கு 10 கிலோ எங்குமே தேவைப்படாது. அந்த இரண்டரைக் கிலோவில் தடுக்காமல் நரம்பு கிளம்புகிறதா என்பதுதான் கேள்வி.

இதைச் சோதித்தும் பார்த்தோம். என் மனைவியின் தம்பி புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கிறான். அவனுக்கு எதைச் செய்தாலும் உச்சத்தில் செய்ய வேண்டும். 42,000 ரூபாய்க்கு ஒரு ஜப்பான் ரீல் வாங்கிவிட்டு, “மாமா, ஒரு தடவை சுத்திப் பாருங்க, வெண்ணெய் மாதிரி போகும்” என்றான். உண்மையாகவே போனது. எனக்கு வயிறு எரிந்தது. அடுத்த ஞாயிறு என் பழைய ரீலையும், அதற்குப் பிறகு நான் வாங்கிய 4,500 ரூபாய் ரீலையும் எடுத்துக்கொண்டு அவன் வீட்டு மாடிக்குப் போனேன். மூன்றிலும் ஒரே நரம்பு. நுனியில் தண்ணீர் நிரம்பிய 2 லிட்டர் பாட்டில். கைப்பிடிச் சுவரிலிருந்து பாட்டிலைத் தொங்கவிட்டு, டிராக்கை இறுக்கிவிட்டு, பாட்டில் தானாக இறங்கும் வரை கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துவது. சோதனை அவ்வளவுதான்.

அவன் ரீலில் பாட்டில் லிஃப்ட் மாதிரி இறங்கியது. என் 4,500 ரூபாய் ரீலிலும் ஏறக்குறைய அப்படியே. கிளம்பும்போது ஒரு சின்னத் தயக்கம், காதை வைத்துக் கேட்டால்தான் தெரியும். 1,200 ரூபாய் ரீலுக்கு அதற்குள் ஸ்பிரிங் மாற்றியிருந்தேன், வில்லைகள் பழையவைதான். பாட்டில் அசையவே இல்லை. இன்னும் கொஞ்சம் தளர்த்தினேன், அசையவில்லை. இன்னும் கொஞ்சம், தடாலென்று ஒரு மாடி இறங்கி நின்றது. கீழே துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அத்தை நிமிர்ந்து பார்த்து, “டேங்க்ல தண்ணி இருக்கே மாப்பிள்ளை, எதுக்கு மாடியிலேருந்து சேந்துறீங்க?” என்று கேட்டார்.

கதை அங்கே முடியவில்லை. பழைய ரீலின் கம்பளி வில்லைகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, அதே அளவில் கார்பன் வில்லைகள் வாங்கி, டிராக்குக்கென்று விற்கும் கிரீஸைத் துளி தடவிப் போட்டேன். செலவு முந்நூறு ரூபாய்க்குள். மறுபடி பாட்டில் கட்டினோம். 4,500 ரூபாய் ரீலுக்கு அண்ணன் இல்லை என்றாலும் ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்கிற அளவுக்கு இறங்கியது. மச்சான் முகம் லேசாக மாறியது. ஆனால் நியாயமாகச் சொல்ல வேண்டும், பாட்டில் 15 அடிதான் இறங்குகிறது. ஆழ்கடலில் வஞ்சிரமோ பெரிய பாரையோ ஒரே ஓட்டத்தில் 100 மீட்டர் இழுத்துக்கொண்டு போனால் அந்த வில்லைகள் சூடேறும். பிளாஸ்டிக் உடம்புள்ள ரீல் அந்தப் பாரத்தில் வளையும், வளைந்தால் உள்ளே பல்சக்கரங்கள் சரியாகப் பொருந்தாது. உலோக உடம்பும் நல்ல பல்சக்கரமும் அங்கேதான் தேவை. படகெடுத்து அடிக்கடி போகிறவர் என்றால் 42,000 கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. மச்சான் அதுவரை போனது மூன்று தடவை, மூன்றும் கரையில்.

கியர் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு ஷிமானோ என்ற பெயர் தெரிந்திருக்கும். 1921இல் ஜப்பானில் சகாய் நகரத்தில் சைக்கிள் பாகம் செய்யத் தொடங்கிய அதே கம்பெனிதான் ரீலும் செய்கிறது. இரண்டுமே பல்சக்கர வேலை. அவர்களிடமே 3,000 ரூபாய்ச் சுற்றில் ரீல் இருக்கிறது, அரை லட்சத்தைத் தாண்டியும் இருக்கிறது. டைவா, பென் மாதிரி மற்ற ரீல் கம்பெனிகளும் இப்படித்தான். ஆகவே கம்பெனிப் பெயரை வைத்து மட்டும் ஒன்றும் சொல்ல முடியாது. பேரிங் எண்ணிக்கையை வைத்தும் சொல்ல முடியாது. ‘13+1 பேரிங்’ என்று பெரிதாகப் போட்டிருக்கும் மலிவு ரீலைவிட, துருப்பிடிக்காத நாலு பேரிங் உள்ள ரீல் நம் கடலில் அதிக நாள் உழைக்கும். அந்தப் பதின்மூன்றும் உப்புத்தண்ணீரில் பதின்மூன்று துருப்பிடிக்கும் இடங்கள்.

உப்பைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க முடியாது. மச்சானின் 42,000 ரூபாய் ரீல் என்ன ஆனது தெரியுமா? பாண்டி பீச் ரோட்டுக் கருங்கல் மேல் நின்று ஒரு நாள் வீசிவிட்டு, வந்த களைப்பில் அப்படியே அலமாரிக்கு மேல் வைத்துவிட்டான். ஒன்றரை மாதம். நரம்பை ரீலில் சுற்றிவிடுகிற வளைந்த கம்பியை பெயில் என்பார்கள், அதன் ஓரத்தில் நரம்பு உரசித் திரும்புகிற ஒரு சின்ன உருளை உண்டு, முதலில் சாவது அதுதான். அது சுற்றாமல் இறுகிப்போயிருந்தது. சுற்றாத உருளைமேல் நரம்பு உரசி உரசித் திரிதிரியாக வந்தது. சரிபண்ண ரீலைச் சென்னைக்கு அனுப்பினான். என் 4,500 ரூபாய் ரீல் ஏழு வருடமாக ஓடுகிறது. நான் செய்வது ஒன்றே ஒன்று. வீட்டுக்கு வந்ததும் டிராக்கை இறுக்கிவிட்டு, பைப் தண்ணீரைப் பூத்தூவல் மாதிரி லேசாக விட்டுக் கழுவுவேன். பீய்ச்சி அடித்தால் உப்பு உள்ளே போகும், ரீலைத் தண்ணீரில் முக்கவும் கூடாது. துடைத்து, டிராக்கை முழுக்கத் தளர்த்தி நிழலில் வைப்பேன். உருளையில் ஒரு சொட்டு எண்ணெய். பிறகு இன்னொன்று, ரீலை மணலில் வைக்காதீர்கள். சட்டையைக் கழற்றிக் கீழே போட்டாவது அதன்மேல் வையுங்கள்.

ராடுக்கு வருகிறேன். காசு கூடக் கூட ராடில் கார்பன் கூடும், எடை குறையும், நுனி சொல்வது கைக்கு நன்றாகத் தெரியும். பிளாஸ்டிக் மீனைக் கட்டிக்கொண்டு காலையிலிருந்து மத்தியானம் வரை இருநூறு தடவை வீசுகிறவருக்கு அந்த எடை தோளில் தெரியும். இறாலைக் கோத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கிற என் மாதிரி ஆளுக்குத் தெரியாது. கண்ணாடி இழை ராடு கொஞ்சம் கனம், கொஞ்சம் மந்தம். ஆனால் கல்லில் விழுந்தாலும் பொறுத்துக்கொள்ளும். கார்பனில் ஒரு சிராய்ப்பு விழுந்தால் என்றைக்கோ ஒரு நாள் அந்த இடத்தில் படாரென்று முறியும். அதைவிட முக்கியம், கார்பன் மின்சாரம் கடத்தும். மின்கம்பிக்குக் கீழே நிமிர்த்திக்கொண்டு நடக்காதீர்கள், இடி கேட்டால் மடக்கிவிட்டுக் கிளம்புங்கள்.

ராடில் நான் பார்ப்பது நரம்பு நுழைந்து ஓடுகிற வளையங்களைத்தான். பின்னல் நரம்பு, அதாவது பிரெய்டு, மட்டமான வளையத்தில் கோடு போட்டுவிடும், பிறகு அந்தக் கோடே நரம்பை அறுக்கும். கொஞ்சம் பஞ்சை வளையத்துக்குள் விட்டுச் சுற்றித் தடவுங்கள். பஞ்சு எங்காவது சிக்கினால் அந்த ராடு வேண்டாம். மடக்கு ராடையும் வாங்காதீர்கள், மூட்டுக்குள் மணல் போனால் நீட்டவும் முடியாது மடக்கவும் முடியாது. இரண்டு துண்டு ராடு போதும்.

இந்த மாதிரிக் கேள்விக்கு யாராவது ஒருவர், ‘எங்கள் ஊரில் ஒரு பெரியவர் பாட்டிலில் நரம்பு சுற்றியே பெரிய பெரிய மீன் பிடிக்கிறார், ராடெல்லாம் எதற்கு?’ என்று எழுதுவார். எழுதுவது உண்மைதான். சோனாங்குப்பத்தில் எனக்கும் அப்படி ஒருவரைத் தெரியும். ஆனால் அவர் படகைப் பள்ளத்துக்கு நேர்மேலே நிறுத்தித் தூண்டிலைக் கீழே விடுகிறார். அவருக்கு வீசவே வேண்டாம். எந்தத் தண்ணீரில் எந்த நேரத்தில் எங்கே நிற்க வேண்டும் என்பது ஐம்பது வருடமாக அவருக்குத் தெரியும். நாம் தேவனாம்பட்டினம் மணலில் நின்று அலை உடையும் இடத்தைத் தாண்டி இரையைப் போட வேண்டும். கையால் போட்டால் அந்த இரையை நண்டுதான் தின்னும். அவரிடம் என் ரீலைக் கொடுத்தபோது இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, “எடுக்கறதுக்கு சுளுவா இருக்கும்பா, கையறுக்காது” என்றார். உள்ளங்கையைக் காட்டினார். குறுக்கே வரிவரியாகத் தழும்பு.

காசைப் பிரிக்கச் சொன்னால், 5,000 ரூபாயில் ரீலுக்கு 2,800, ராடுக்கு 1,300, மீதியை நரம்பு, முள், லீடருக்கு வைப்பேன். லீடர் என்பது நரம்புக்கும் முள்ளுக்கும் நடுவில் கட்டுகிற தடித்த நரம்புத் துண்டு. அந்த மீதியில் கை வைக்காதீர்கள். கொடுவாவின் செவுள் மூடி ஓரம் கத்தி. மெல்லிய நரம்பை நேராக முள்ளில் கட்டினால் எந்த விலை ரீலும் காப்பாற்றாது. 40 பவுண்டு தடித்த லீடர் ஓரடி, ஒன்றரை அடி போட வேண்டும், அதற்கு ஆகிற செலவு ஒரு டீக் காசு. பாண்டி பீச் ரோட்டுக் கல்லில் போடுகிறவர்கள் ஈயத்துக்கும் முள்ளுக்கும் தனியாகவே பட்ஜெட் போட வேண்டும், அங்கே கல் தின்பதுதான் அதிகம்.

அந்த 1,200 ரூபாய் ரீலைக் கேட்டால், எதிர்வீட்டுப் பையன் வைத்திருக்கிறான். திருவந்திபுரம் பக்கம் கெடிலத்தில் நல்ல தண்ணீரில் போடுகிறான், உப்பு இல்லாததால் சத்தமில்லாமல் ஓடுகிறது. போன வாரம் பை நிறைய ஜிலேபி மீன் கொண்டு வந்து காட்டிவிட்டு, “அண்ணா, பெரிய ரீல் வாங்கணும், எது வாங்கலாம்?” என்று கேட்டான்.