மலையிடுக்கில் ஒரு பந்தி: அண்ணாச்சி பதில்கள்

ரயில் பேன்ட்ரி காரில் சமைத்து, பிறகு சமையலை மேற்பார்த்து, ஓய்வுபெற்று நாகர்கோவிலில் இருக்கும் அண்ணாச்சி, பயணமும் சாப்பாடும் பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

அண்ணாச்சி, என் மகள் அமெரிக்காவில் டென்வர் பக்கம் இருக்கிறாள். இந்தக் கோடைக்கு எங்களை ‘ராயல் கார்ஜ்’ ரயிலில் கூட்டிப் போகிறாளாம். மலையிடுக்குக்குள் வண்டி போகுமாம், மேஜை விரித்துச் சாப்பாடு பரிமாறுவார்களாம். டிக்கெட் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. தகுமா? எனக்குச் சைவம். வீட்டுக்காரருக்கு மீன் இல்லாமல் சோறு இறங்காது.
— வாசகி, தக்கலை

தகும் அம்மா. விலையைப் பார்த்துத் தயங்காதீர்கள். நானும் அதில் போயிருக்கிறேன், அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

வண்டி கேன்யன் சிட்டி என்ற சிறிய ஊரிலிருந்து கிளம்பும். டென்வரிலிருந்து காரில் இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஆர்கன்சா ஆற்றை ஒட்டியே பார்க்டேல் வரை 12 மைல் மேலே போய், அதே பாதையில் திரும்பி வரும். போக வர 24 மைல், சுமார் இரண்டு மணி நேரம். அப்படியென்றால் மணிக்கு 20 கிலோமீட்டர்கூட இல்லை. இந்த மெதுநடைக்குத்தான் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். வேகமாகப் போகிற வண்டியில் பாறையும் தெரியாது, தட்டில் இருப்பதும் நிற்காது.

மலை எவ்வளவு உயரம் என்று எண்ணில் சொன்னால் மனதில் பதியாது. மாத்தூர் தொட்டிப்பாலத்தில் நின்று கீழே பறளியாற்றைப் பார்த்திருப்பீர்கள் இல்லையா, அது 115 அடி. ராயல் கார்ஜில் ஆற்றிலிருந்து 955 அடி உயரத்தில், பாறைக்குப் பாறை ஒரு தொங்குபாலம் கட்டியிருக்கிறார்கள். 1929-ல் கட்டியது. 2001 வரை உலகத்திலேயே உயரமான பாலம் அதுதான். எட்டுத் தொட்டிப்பாலத்தை ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்தினாலும் அதன் அடியைத் தொடாது. உங்கள் ரயில் அதற்கும் கீழே, ஆற்றங்கரையில் போகும். கூரையும் கண்ணாடியாக இருக்கும் பெட்டியில் உட்கார்ந்தால் கழுத்தை நிமிர்த்தியபடியே பார்க்கலாம்.

அதைவிட என்னை நிறுத்தி வைத்தது இன்னொரு பாலம். ஓரிடத்தில் இரண்டு பாறைச் சுவரும் முப்பதடி இடைவெளிக்கு நெருங்கிவிடுகின்றன. அந்த முப்பதடியையும் ஆறே எடுத்துக்கொள்கிறது. தண்டவாளம் போட ஒரு முழம் கரைகூடக் கிடையாது. 1879-ல் என்ன செய்தார்கள் தெரியுமா? இரண்டு பாறையிலும் இரும்பு விட்டங்களை ஊன்றி, கூரைபோல் ஆற்றுக்கு மேலே இணைத்து, அதிலிருந்து பாலத்தின் ஒரு பக்கத்தைத் தொங்கவிட்டார்கள். மற்றப் பக்கம் பாறையில் தாங்கும். 175 அடி நீளம். ஆற்றைக் கடக்காத பாலம் அது. ஆற்றோடு கூடவே போகும். அன்று போட்ட இடத்தில்தான் இன்றும் வண்டி போகிறது.

இந்த ஒற்றைத் தடத்துக்காக ஒரு சண்டையே நடந்திருக்கிறது. மேலே லெட்வில் என்ற ஊரில் வெள்ளி கிடைத்தது. டென்வர் அண்டு ரியோ கிராண்டே, சான்டா ஃபே என்று இரண்டு ரயில் கம்பெனிகள். இடுக்கில் இடம் ஒரு தண்டவாளத்துக்குத்தான். 1878-லிருந்து இரண்டு தரப்பும் ஆள் வைத்து, துப்பாக்கி வைத்து, பாறையில் கல்லடுக்கிக் காவல் இருந்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. கடைசியில் 1880-ல் சமாதானம். ரியோ கிராண்டே 14 லட்சம் டாலர் கொடுத்துப் பாதையை வாங்கிக்கொண்டது. பயணிகள் வண்டி 1967-ல் நின்றது. 1999-ல் சுற்றுலா வண்டியாக மறுபடி ஓட ஆரம்பித்தது.

இப்போது சாப்பாட்டுக்கு வருகிறேன். கண்ணும் வாயும் ஒரே நேரத்தில் வேலை செய்யாது என்பது நான் வண்டியில் வருஷக்கணக்காகப் பரிமாறிக் கண்டது. ஜன்னலில் நல்ல காட்சி வந்தால் ஆள் தட்டை மறந்துவிடுவார், சாப்பாடு ஆறிப்போகும். பிறகு ‘சாப்பாடு சரியில்லை’ என்பார். தட்டில் கவனம் வைத்தவருக்கோ மலை போய்விடும். இந்த வண்டி போன வழியே திரும்புவதால் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. ஏறும்போது சூப்போ சாலட்டோ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆற்றுக்கு மேல் தொங்கும் அந்த 1879 பாலம் வருமுன் எழுந்து திறந்தவெளிப் பெட்டிக்குப் போய்விடுங்கள். அங்கே தலைக்கு மேல் ஒன்றும் இல்லை, காற்று முகத்தில் அடிக்கும், ஆற்றுச் சத்தம் பாறையில் மோதித் திரும்பி வரும். முக்கியச் சாப்பாட்டை முடிந்தவரை திரும்பும் வழிக்குத் தள்ளிக் கொண்டுவரும்படி பரிமாறுபவரிடம் ஏறியதும் சொல்லி வையுங்கள். ஒருமுறை பார்த்த மலை என்பதால் அப்போது நிம்மதியாகச் சாப்பிடலாம்.

சைவம் என்பதை டிக்கெட் போடும்போதே மகளை எழுதச் சொல்லுங்கள். வண்டி கிளம்பிய பிறகு சமையற்கட்டில் புதிதாக எதையும் உண்டாக்க முடியாது. வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள், கொலராடோ கடலே இல்லாத மாநிலம். சாளையும் நெய்மீனும் நினைத்துப் போக வேண்டாம். கிடைத்தால் ட்ரௌட் என்ற ஆற்றுமீன். பைசன் என்ற காட்டெருமை இறைச்சி அங்கே சாதாரணமாகப் பரிமாறுவது. மாட்டிறைச்சி தொடாதவர்கள் ஒவ்வொரு தட்டுக்கும் கேட்டுவிட்டுத்தான் கைவைக்க வேண்டும். இன்னொன்று, அந்த ஊர் கடல்மட்டத்திலிருந்து ஐயாயிரத்து முந்நூறு அடி உயரம். நம் ஊரிலிருந்து போகிறவர்களுக்கு முதல் நாள் தலைவலிக்கும். நிறையத் தண்ணீர் குடியுங்கள், வந்து இறங்கிய மறுநாளே இந்தப் பயணத்தை வைக்காதீர்கள்.

கிராண்ட் கேன்யனுக்கும் ரயில் உண்டாமே. அதுவும் இப்படி உள்ளே இறங்கிப் போகுமா?
— வாசகர், கருங்கல்

போகாது. அரிசோனாவில் வில்லியம்ஸ் என்ற ஊரிலிருந்து சுமார் 65 மைல் ஓடி, பள்ளத்தின் தெற்கு விளிம்பில் கொண்டு விடும். பாதை 1901-ல் வந்தது, 1968-ல் நின்றது, 1989-ல் உயிர்பெற்றது. வழியெல்லாம் பைன் காடும் புல்வெளியும்தான். இறங்கி நடந்தால்தான் பள்ளம் தெரியும். நல்ல ரயில்தான், ஆனால் ஜன்னலோரம் உட்கார்ந்து பள்ளத்தைப் பார்த்தபடி சாப்பிட ஆசைப்பட்டால் அது அதற்கான வண்டி அல்ல. அதே அரிசோனாவில் கிளார்க்டேலிலிருந்து வெர்டே ஆற்றோடு போகும் வண்டி ஒன்று இருக்கிறது. செம்புச் சுரங்கத்துக்காகப் போட்ட பாதை, போக வர நாலு மணி நேரம். அது மலையிடுக்குக்குள்ளேயே போகும்.

அண்ணாச்சி, நான் சரக்குக் கப்பலில் சமையல்காரன். மெக்சிகோவின் மேற்குக் கரையில் தொப்போலோபாம்போ துறைமுகத்துக்குப் போக வாய்ப்பு இருக்கிறது. பக்கத்தில் பெரிய மலைப்பள்ளத்தைப் பார்க்கிற ரயில் இருக்கிறதாம். போகலாமா?
— வாசகர், குளச்சல்

தம்பி, கேப்டன் அனுமதியும் மெக்சிகோ விசாவும் கையில் இருந்தால் கட்டாயம் போங்கள். நீங்கள் சொன்ன துறைமுகத்துக்காகவே கனவு கண்ட பாதை அது. ஆல்பர்ட் கிம்சி ஓவன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 19-ம் நூற்றாண்டிலேயே அந்தக் குடாவைப் பார்த்து, இங்கிருந்து உள்நாட்டுக்கு ரயில் விட வேண்டும் என்று கிளம்பினார். அவர் காலத்தில் முடியவில்லை. குறுக்கே நிற்கும் சியெர்ரா மாத்ரே மலையைத் தாண்டிப் பாதை முடிந்தது 1961-ல். 86 சுரங்கப்பாதை, 37 பாலம். உலகத்தில் எனக்கு மிகவும் பிடித்த ரயில் வேலைகளில் ஒன்று. தெமோரிஸ் என்ற இடத்தில் பாதை வளைந்து வளைந்து ஒரே மலைச்சரிவில் மேலே மேலே ஏறும். கீழே தெரிகிற தண்டவாளம் நீங்கள் சற்று முன் வந்த தண்டவாளம்தான்.

துறைமுகத்துக்குப் பக்கத்து ஊர் லோஸ் மோச்சிஸ். அங்கே ஏறினால் மலைமேல் இருக்கும் க்ரீல் என்ற ஊர் வரை ஒரு முழுப்பகல் ஆகும். ‘செப்பே எக்ஸ்பிரஸ்’ என்ற வண்டி 2018-ல் வந்தது. அதில் கண்ணாடிக் கூரை போட்ட உணவகப் பெட்டி இருக்கிறது, முறையாகப் பரிமாறுகிறார்கள். எல்லா நாளும் ஓடாது. போக ஒரு நாள், வர ஒரு நாள். அதனால் கப்பல் நிற்கும் நாளைக் கணக்குப் பார்க்காமல் ஏறிவிடாதீர்கள்.

ஒன்று மட்டும் சமையல்காரனுக்குச் சமையல்காரனாகச் சொல்கிறேன். திவிசாதேரோ என்ற நிலையம், நீங்கள் கேட்ட அந்த மலைப்பள்ளமான செம்புப் பள்ளத்தாக்கின் (காப்பர் கேன்யன்) விளிம்பிலேயே இருக்கிறது. அங்கே எண்ணெய்ப் பீப்பாயை அடுப்பாக்கி, விறகு வைத்து, சோளமாவில் தட்டிய கனத்த ரொட்டிக்குள் இறைச்சி, சீஸ், மிளகாய் அடைத்துச் சுட்டுக் கொடுக்கிறார்கள். கோர்தித்தா என்று பெயர். உணவகப் பெட்டியில் என்னதான் சாப்பிட்டாலும் வயிற்றில் இதற்கு இடம் வையுங்கள். அந்த மலையில் இருக்கிற ராராமுரி மக்களின் சாப்பாடும் சோளம்தான். ஒரு ஊரின் வழியே போகிற ரயில் அந்த ஊர்த் தானியத்தைத் தட்டில் வைக்க வேண்டும் என்பது என் பிடிவாதம்.

ஓடுகிற ரயிலில் எப்படிச் சமைக்கிறார்கள்? கேட்டரிங் படிக்கிறேன்.
— வாசகி, நாகர்கோவில்

மக்களே, நல்ல கேள்வி. முதலில் வளைவைப் புரிந்துகொள்ள வேண்டும். வளைவில் தண்டவாளத்தின் வெளிப்பக்கத்தைச் சற்று உயர்த்திப் போட்டிருப்பார்கள். வண்டி கூடுதல் வேகத்தில் போனால் சாம்பார் வெளிப்பக்கம் ஏறும். மெதுவாகப் போனால் உள்பக்கம் சாயும். மலைப்பாதையில் பெரும்பாலும் இரண்டாவதுதான். எந்த அண்டாவையும் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. மலை ஏறும் நேரத்தில் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் இருக்கக் கூடாது. வடையெல்லாம் அதற்கு முன்பே பொரித்து முடிந்திருக்க வேண்டும். அடுப்பைச் சுற்றிக் கம்பித் தடுப்பு இருக்கும். கத்தியை ஒருபோதும் மேடையில் விட்டு நகரக் கூடாது. நாங்கள் காலைச் சற்று அகட்டி, ஒரு இடுப்பைச் சுவரில் சாய்த்து நின்றுதான் தாளிப்போம். பழகினால் உடம்பே வளைவை முன்கூட்டிச் சொல்லும்.

நம் நாட்டில் 2017-ல் வந்த கேட்டரிங் கொள்கைக்குப் பிறகு சமைப்பது தரையிலுள்ள சமையற்கூடத்தில், பரிமாறுவது வண்டியில் என்று பிரித்துவிட்டார்கள். சுத்தத்துக்கு அது நல்லது. ஆனால் பேன்ட்ரி காரிலிருந்து வெங்காயம் வதங்குகிற வாசம் பெட்டி பெட்டியாகப் போகும்போது பயணிகள் முகத்தில் வருகிற மலர்ச்சியைப் பார்த்தவன் நான். அதற்கு மனசு ஏங்கத்தான் செய்கிறது. ஓடுகிற வண்டிக்கு என்ன சமைக்கலாம் என்று கேட்டால், கெட்டிக் குழம்பு, பிசைந்த சோறு, துவரன். ரசத்தை டம்ளரில், அதுவும் அரை டம்ளர். கப்பலில் மேஜைவிரிப்பை லேசாக நனைத்துவிடுவார்கள், தட்டு வழுக்காது. குளச்சல் தம்பிக்கு அது தெரிந்திருக்கும், நீயும் குறித்துக்கொள்.

அமெரிக்கா, மெக்சிகோ எல்லாம் நமக்கு ஆகாது அண்ணாச்சி. கைக்கெட்டும் தூரத்தில் ஏதாவது சொல்லுங்கள்.
— வாசகர், பூதப்பாண்டி

மேஜை விரித்துச் சாப்பிட்டு மலையிடுக்கும் பார்க்க வேண்டுமென்றால் நம் நாட்டில் நான் சொல்வது டெக்கான் குயின். 1930 ஜூன் 1 முதல் மும்பைக்கும் புனேவுக்கும் நடுவே ஓடுகிறது. இன்றும் அதில் உணவகப் பெட்டி உண்டு, ஒரே நேரத்தில் 40 பேர் மேஜையில் உட்காரலாம். கன்னியாகுமரியிலிருந்து ஜெயந்தி ஜனதாவில் புனே போய், அங்கிருந்து காலை ஏழேகால் வாக்கில் கிளம்பும் டெக்கான் குயினைப் பிடியுங்கள். சாயங்காலம் மும்பையிலிருந்து வருகிற வண்டி மலைக்கு வரும்போது குளிர்காலத்தில் இருட்டிவிடும். ஏறியவுடன் உணவகப் பெட்டிக்குப் போய் ஆம்லெட், சீஸ் டோஸ்ட் சாப்பிட்டு முடித்துவிடுங்கள். லோனாவ்லா தாண்டியதும் போர் காட். 1863-ல் திறந்த மலைப்பாதை, 37 அடிக்கு ஓரடி சரிவு. உல்லாஸ் ஆற்றின் பள்ளம் ஜன்னலுக்குக் கீழே திறக்கும்போது கையில் டீயைத் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது.

அதுவும் தூரம் என்றால் கொல்லம்–செங்கோட்டை. நம் மாவட்டத்துக்கே ரயில் வந்தது 1979-ல்தான். இந்தப் பாதையோ 1904-லேயே ஓடியது. அகலப்பாதையாக மாறி 2018-ல் முழுக்கத் திறந்தார்கள். நாகர்கோவிலில் ஏறிக் கொல்லம், அங்கிருந்து புனலூர், தென்மலை, ஆரியங்காவு, செங்கோட்டை. பிறகு தென்காசி, திருநெல்வேலி, ஆரல்வாய்மொழி வழியே வீடு. ஒரு முழு வட்டம். புனலூரில் வண்டிக்குப் பின்னாலும் ஒரு இன்ஜின் மாட்டித் தள்ளிக்கொண்டு ஏற்றுவார்கள். தென்மலையை அடுத்து 13 கண் பாலம் வரும். வண்டிக்குள்ளிருந்து கண்கள் முழுதாகத் தெரியாது. அதை நின்று பார்க்க விரும்பினால் இன்னொரு நாள் சாலை வழியாகப் போங்கள். ஜூன், ஜூலையில் குற்றாலச் சாரலோடு போனால் மலை முழுக்கத் தண்ணீர்க் கோடுகள்.

உணவகப் பெட்டி கிடையாது, அதனால் பந்தியை நீங்களே கட்டிக்கொண்டு போகவேண்டும். நான் கட்டுவது: வாட்டிய வாழையிலையில் புளிச்சோறு, வறுத்து அரைத்த தேங்காய்த் துவையல், ஏத்தங்காய் உப்பேரி, மட்டிப்பழம், இனிப்புக்கு முந்திரிக்கொத்து. அவித்த மரச்சீனியும் மிளகாய்த் துவையலும் உண்டானால் இன்னும் நல்லது. மீன் வேண்டாம், பெட்டியில் பக்கத்தில் இருப்பவர்களையும் நினைக்க வேண்டும். சோற்றைப் புனலூருக்கு முன்பே பிரித்துச் சாப்பிட்டுவிடுங்கள். மலையில் ஏறத் தொடங்கிய பிறகு கையில் உப்பேரி போதும்.