பெல்ஜியத்துப் புளிப்பு பீர்: கேளுங்க, சொல்றேன்

மரப்பீப்பாய்ல வருஷக்கணக்கா கெடந்து புளிக்கிற பெல்ஜியம் பீர் பத்தி என்ன வேணா கேளுங்கன்னு சொல்லியிருந்தேன், கேள்வி வந்து குவிஞ்சிருச்சு. ஒரே மாதிரி இருந்ததை எல்லாம் சேத்து ஒண்ணாக்கிட்டேன். நான் இருக்கிறது பிரஸ்ஸல்ஸ்ல, இந்த பீர் மேல கிறுக்கு, அவ்ளோதான். எனக்கு கடையும் கிடையாது, எந்த கம்பெனிக்கும் வக்காலத்து வாங்கவும் இல்ல.

கேள்வி: பாஸ், ரோடன்பாக் ஒண்ணு, பூன் கூஸ் ஒண்ணு வாங்கி ஃப்ரிட்ஜ்ல வச்சிருக்கேன். ரெண்டும் புளிப்பு பீர்தானே, பக்கத்துல பக்கத்துல வச்சு கம்பேர் பண்ணலாமா?

பதில்: தாராளமா பண்ணுங்க, ஆனா எது நல்லதுன்னு தீர்ப்பு மட்டும் சொல்லாதீங்க, ரெண்டும் வேற வேற வம்சம். ரோடன்பாக் மேற்கு ஃபிளாண்டர்ஸ்ல ரூசலாரேன்னு ஒரு ஊர்க்காரங்க, 1821ல ஆரம்பிச்சது. அவங்க ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் கலந்த அவங்க கல்ச்சரைப் போட்டு பீரை முதல்ல நொதிக்க வச்சுட்டு, அப்புறம் அதுல ஒரு பங்கை ஆள் உசரத்துக்கு மேல நிக்கிற பெரிய ஓக் தொட்டிங்கள்ல ரெண்டு வருஷம் வரைக்கும் போட்டு வைப்பாங்க. ஃபூடர்னு சொல்லுவாங்க அதை, அங்க 294 இருக்கு. சாதா ரோடன்பாக்ல முக்கால் பங்கு புது பீர், கால் பங்குதான் பழசு. கிராண்ட் க்ரூன்னு அவங்களோட இன்னொரு பீர்ல மூணுல ரெண்டு பங்கு பழசு. செவப்பு மால்ட், அதாவது முளைகட்டி காயவச்ச பார்லி, போடறதால கேரமல் இனிப்பு, செர்ரி மாதிரி ஒரு வாசம் எல்லாம் வரும், ஆனா உள்ள ஒரு பழம் கூட போடல.

கூஸ் வந்து பிரஸ்ஸல்ஸும் அதுக்கு மேக்க இருக்கிற பாயொட்டன்லாண்ட் கிராமங்களும் சார்ந்தது. லாம்பிக்னு ஒரு பீர், ஒரு வருஷத்தது ரெண்டு வருஷத்தது மூணு வருஷத்ததுன்னு கலந்து பாட்டில்ல அடைச்சு மறுபடி நொதிக்க விட்டா அதான் கூஸ். இனிப்பு சுத்தமா இருக்காது. அதனால ரோடன்பாக் கிராண்ட் க்ரூவை அதே ஃபிளாண்டர்ஸ் செவப்பு பீர் வகையில டுஷெஸ் டி போர்கோனோட வச்சுப் பாருங்க, பூன் கூஸை கான்டியோன்னு பிரஸ்ஸல்ஸ் கம்பெனியோட கூஸோட வச்சுப் பாருங்க, அப்பதான் வித்தியாசம் பிடிபடும்.

கேள்வி: லாம்பிக்ல ஈஸ்ட்டே போட மாட்டாங்கன்னு படிச்சேன், உண்மையா? காத்துலேர்ந்து வருதுங்கறாங்க, நம்பவே முடியல.

பதில்: உண்மைதான். கொதிக்க வச்ச மால்ட் சாறை, கூரைக்கு அடியில இருக்கிற அகலமான ஆழமில்லாத தொட்டியில ராத்திரி பூரா திறந்து விட்டுருவாங்க. கான்டியோன்ல அது செம்புத் தொட்டி, மேல ஓட்டுக்கூரை, ஜன்னல் திறந்திருக்கும். காலைல பீப்பாய்க்குப் போயிரும். காத்துல வந்தது பாதி, அந்தக் கட்டடத்துலயும் பீப்பாய் மரத்துலயும் காலங்காலமா குடியிருக்கிறது மீதின்னு வச்சுக்கோங்க. கோடையில செய்யவே மாட்டாங்க, ராத்திரி சூடா இருந்தா சாறு ஆறாது, வேண்டாத கிருமி எல்லாம் ஏறிக்கும். சுமாரா அக்டோபர்லேர்ந்து ஏப்ரல் வரைக்கும்தான் காய்ச்சுவாங்க.

அதுக்கப்புறம் நடக்கிறதுதான் வேடிக்கை. முதல்ல ஒரு சில வாரம் குடல்ல இருக்கிற வகை பாக்டீரியா ஆட்டம் போடும், அந்த சமயம் மோந்து பாத்தா ஓடியே போயிருவீங்க. அப்புறம் சாதா ஈஸ்ட் வந்து ஆல்கஹால உண்டாக்கும். வெயில் காலம் வந்ததும் பீடியோகாக்கஸ் புளிக்க வைக்க ஆரம்பிக்கும், அப்ப பீர் எண்ணெய் மாதிரி கொழகொழன்னு இழுக்கும், அதை பீருக்கு சீக்கு வந்துருச்சுன்னு சொல்லுவாங்க. யாரும் பதற மாட்டாங்க. பிரெட்டனோமைசஸ்னு இன்னொரு ஈஸ்ட் மெதுவா வந்து அந்தக் கொழகொழப்பை எல்லாம் தின்னுட்டு தெளிய வச்சுரும். இன்னொண்ணு, இதுல மூணுல ஒரு பங்கு கிட்ட முளைகட்டாத கோதுமை போடுவாங்க, பீருக்குக் கசப்பு குடுக்கிற ஹாப்ஸ் பூவும் வருஷக்கணக்கா பழசானதைத்தான் போடுவாங்க, கசப்பு போயிரணும் ஆனா கெட்டுப்போகாம காக்கிற குணம் மட்டும் நிக்கணும்.

கேள்வி: அப்ப நம்ம ஊரு கள்ளு மாதிரின்னு சொல்லுங்க!

பதில்: பாதி சரி. கள்ளும் தானா நொதிக்கிறதுதான், யாரும் ஈஸ்ட் வாங்கிட்டு வந்து பானையில போடறதில்ல. ஆனா காலைல எறக்கின கள்ளு சாயங்காலமே கடுத்துப் போயிரும். லாம்பிக் மூணு வருஷம் பீப்பாய்ல தாக்குப் பிடிக்குது. அந்தப் பழைய ஹாப்ஸும் குளிரான நிலவறையும் இல்லைன்னா இதுவும் கெட்டுத்தான் போயிருக்கும்.

கேள்வி: ஓக் பீப்பாய்ன்னா விஸ்கி மாதிரி வெண்ணிலா வாசம் வரணுமே? எனக்கு ஒண்ணும் தெரியல, நாக்கு சரியில்லையோ.

பதில்: நாக்கு நல்லாத்தான் இருக்கு. அமெரிக்காவுல போர்பன் விஸ்கி இருந்த பீப்பாய்ல ஸ்டௌட்னு கறுப்பு பீரைப் போடறாங்களே, அது மரத்தோட ருசிக்காக. இங்க அதுக்கு நேர் எதிர். வைன் கம்பெனிக்காரங்க உபயோகிச்சு முடிச்ச பழைய பீப்பாயா பாத்து வாங்குவாங்க, மரத்தோட ருசி ஏற்கனவே இறங்கியிருக்கணும். மரம் எதுக்குன்னா ரெண்டே வேலை, மேல சொன்ன பிரெட்டனோமைசஸ் ஈஸ்ட்டுக்கு (சுருக்கமா பிரெட்) வீடு, அப்புறம் துளித்துளியா காத்து உள்ள போறது. கான்டியோன்ல ஒவ்வொரு தடவையும் பீப்பாய்க்குள்ள சங்கிலியும் சுடுதண்ணியும் போட்டு உருட்டி உருட்டிக் கழுவுவாங்க. ஆனா ஒட்டடையை மட்டும் தொட மாட்டாங்க, பழ ஈயைப் பிடிக்க சிலந்தி வேணும். நம்ம வீட்டு மாமியார் பாத்தா மயக்கமே போட்டுருவாங்க.

பீப்பாய் அளவு ரொம்ப முக்கியம். சின்ன பீப்பாய்ல பீரோட அளவுக்கு மரம் அதிகமா படும், காத்தும் அதிகம். பெரிய தொட்டின்னா கம்மி. பூன்ல நாலு பேர் உள்ள நின்னு பேசலாம்ங்கிற அளவுக்கு பெரிய பெரிய ஓக் தொட்டி. பூன் கூஸ் ஏன் இவ்ளோ மென்மையா இருக்கு, கான்டியோன் ஏன் வெட்டுற மாதிரி இருக்குன்னு கேட்டா, பதில்ல பாதி இந்த மரத்துலயே இருக்கு.

கேள்வி: டேஸ்ட் பண்றது எப்படின்னு ஆரம்பத்துலேர்ந்து சொல்லுங்க அண்ணா. நண்பர்கள் நாலு பேர் சேந்து பண்றோம், எது ரொம்ப புளிக்குதோ அதுக்கு முதல் மார்க்னு வச்சிருக்கோம்.

பதில்: முதல்ல அந்த மார்க் முறையைத் தூக்கிப் போடுங்கப்பா. புளிப்பு எவ்வளவுங்கறது இல்ல கேள்வி, எந்தப் புளிப்புங்கறதுதான். லாக்டிக் ஆசிட்னா தயிர்ல இருக்கிற அதே ஆசிட், மெத்துன்னு நாக்குல பரவும், அதுக்கு வாசம் கிடையாது. அசிடிக் ஆசிட்னா வினிகர், அது ஆவியாகிற ஆசிட், அதனால வாயில வைக்கறதுக்கு முன்னாடியே மூக்குல வந்து அடிக்கும், முழுங்கினா தொண்டை எரியும். ஆகவே க்ளாஸ்ல ஊத்தினதும் குடிக்காம மோந்து மட்டும் பாருங்க. வினிகர் தெரியுதா, எவ்வளவு தெரியுதுன்னு எழுதிக்கோங்க. அப்புறம்தான் ஒரு வாய். ஃபிளாண்டர்ஸ் செவப்பு பீர்ல கொஞ்சம் வினிகர் இருக்கணும், டுஷெஸ்ல பால்சாமிக் வினிகர் மாதிரியே வரும், இனிப்பு அதைத் தாங்கிக்கும். நல்ல கூஸ்ல அது பின்னாடி எங்கயோ லேசா தெரிஞ்சா போதும், முன்னாடி வந்து நின்னா எனக்குப் பிடிக்காது.

ஃப்ரிட்ஜ்லேர்ந்து எடுத்த கையோட ஊத்தாதீங்க, 12 டிகிரி கிட்ட வரட்டும், சில்லுன்னு இருந்தா ஆசிட் மட்டும்தான் தெரியும். படுக்க வச்சிருந்த பாட்டில்னா அடியில வண்டல் இருக்கும், முந்தின நாளே நிமித்தி வையுங்க, இல்லைன்னா இங்க கடைங்கள்ல பண்ற மாதிரி கூடையில சாய்ச்ச மேனிக்கே ஊத்துங்க. ஒயின் க்ளாஸ் போதும். மென்மையானதுலேர்ந்து கடுமையானதுக்குப் போங்க, நாலு பாட்டிலுக்கு மேல வேண்டாம், நாக்கு மரத்துரும். நடுவுல வெறும் ரொட்டி, தண்ணி. மிக்சர், காரச்சேவு எல்லாம் தயவுசெஞ்சு முடிஞ்சப்புறம்.

கேள்வி: ப்ரோ, வீட்டுக்காரர் ஆசையா வாங்கிட்டு வந்த கூஸைத் திறந்தா குதிரை லாய நாத்தம். கெட்டுப்போச்சுன்னு சிங்க்ல ஊத்திட்டேன், இப்ப சண்டை. யார் பக்கம் நியாயம்?

பதில்: சிஸ்டர், மன்னிக்கணும், அவர் பக்கம்தான். அந்த லாயம், ஈர வைக்கோல், பழைய தோல் வாசம் எல்லாம் அந்த பிரெட் ஈஸ்ட் செய்யறது. அதுக்காகவேதான் காசு குடுக்கறோம். கான்டியோன்ல கொஞ்சம் தூக்கலாவே இருக்கும், க்ளாஸ்ல பத்து நிமிஷம் விட்டா கீழே எலுமிச்சம்பழத் தோல் வாசம் தெரிய ஆரம்பிக்கும்.

நிஜமாவே குத்தம்னு சொல்லணும்னா, நெயில் பாலிஷ் நெடி அடிச்சா காத்து அதிகமா பட்டிருக்கு. வாந்தி நாத்தம் வந்தா அதுவும் தப்பு. எலிக்கூண்டு வாடைன்னு ஒண்ணு இருக்கு, அது மோந்தா தெரியாது, முழுங்கி கொஞ்ச நேரம் கழிச்சு நாக்குக்குப் பின்னாடி எழும்பும், ஏன்னா புளிப்புல அது அடங்கிக் கெடக்கும், எச்சில் பட்டு புளிப்பு குறைஞ்சதும் வெளிய வரும். சில பேருக்கு அது தெரியவே தெரியாது. பாட்டிலை இன்னும் சில மாசம் விட்டு வச்சா பெரும்பாலும் தானா போயிரும், அதுக்குள்ள சிங்க்ல ஊத்திராதீங்க.

கேள்வி: பூன், கான்டியோன், ட்ரீ ஃபொன்டெய்னன், டில்கான். இந்த நாலு கூஸ் கம்பெனில ஒண்ணே ஒண்ணு சொல்லணும்னா?

பதில்: இப்படி மாட்டி விடறீங்களே. சரி, முதல் பாட்டில்னா பூன் அவுட கூஸ், 7%. ஃபிராங்க் பூன் 1975ல இந்தத் தொழிலுக்கு வந்தப்ப, இந்த பீரே அழிஞ்சிட்டு இருந்த காலம். வட்டமா, கோதுமை ருசி தெரியற மாதிரி இருக்கும், யாரையும் பயமுறுத்தாது. அவங்களோட மரியாஜ் பார்ஃபே 8%, இன்னும் கனம்.

டில்கான் வேற மாதிரி ஆளு, ஆரம்பிச்சப்ப காய்ச்சறதே கிடையாது. அடுத்தவங்க காய்ச்சின சாறை வாங்கி தன் பீப்பாய்ல வளத்து கலக்கறது மட்டும்தான் வேலையா இருந்துச்சு, 2011ல முதல் கூஸ் வெளிய வந்துச்சு. இதைக் கேவலமா நெனச்சிராதீங்க, கூஸ்ல கலக்கறதுதான் நிஜமான கைவேலை. ஒரே நாள் காய்ச்சி பக்கத்துப் பக்கத்துப் பீப்பாய்ல ஊத்தினாலும் ஒண்ணு தேன் மாதிரி, ஒண்ணு வினிகர் மாதிரி வந்து நிக்கும். எதை எதோட எவ்வளவு சேக்கறதுன்னு வாயில வச்சுப் பாத்துத்தான் முடிவு பண்ணணும். பழசுல ஆழம் இருக்கும் ஆனா சக்கரை தீந்திருக்கும், புதுசுல மிச்சம் இருக்கிற சக்கரைதான் பாட்டிலுக்குள்ள நுரை கட்டும்.

என் மனசு ட்ரீ ஃபொன்டெய்னன் பக்கம்தான் சாயும், காரணம் ருசி பாதி, அதை நடத்தின ஆர்மண்ட் டெபெல்டர் பாதி. 2009ல அவரோட கிடங்குல தெர்மோஸ்டாட் பழுதாகி ஹீட்டர் நிக்காம ஓடி, கொஞ்சம் பாட்டில் வெடிச்சு, மீதி சூட்டுல கெட்டு, சுமார் 80,000 பாட்டில் வீணாப்போச்சு. மனுஷன் மிஞ்சினதை வடிச்சு சாராயமா வித்து மேல வந்தார். 2022ல காலமாயிட்டார். கான்டியோன் மேல எனக்கு ஒரே குறை பீர்ல இல்ல, அதை வாங்கி பதுக்கி பல மடங்கு விலைக்கு விக்கிற கூட்டத்து மேலதான்.

கேள்வி: அண்ணை, நான் அன்ட்வேர்ப்பில இருக்கிறன். இஞ்ச சுப்பர்மார்க்கெட்டில வாங்கின க்ரீக் ஜூஸ் மாதிரி இனிக்குது. நீங்கள் புளிப்பு எண்டு சொல்லுறியள், எது சரி?

பதில்: ரெண்டும் இருக்குங்க. க்ரீக்னா செர்ரி போட்ட லாம்பிக், உங்களுக்குக் கெடைச்சது இனிப்பு சேத்த வகை. லேபிள்ல க்ரீக்குக்கு முன்னாடி 'அவுட'ன்னு (Oude, பழையன்னு அர்த்தம்) போட்டிருக்கான்னு பாருங்க, ஐரோப்பிய யூனியன் சட்டப்படி பாதுகாத்த பேரு அது, இனிப்பூட்டின சரக்குக்கு அதைப் போட முடியாது. அந்த வகையில புளிப்பு செர்ரியை கொட்டையோட அப்படியே லாம்பிக்ல போட்டு மாசக்கணக்கா ஊற விடுவாங்க, கான்டியோன் லிட்டருக்கு 200 கிராம் கிட்ட போடறாங்க. பழத்து சக்கரை எல்லாம் நொதிச்சுப் போயிரும், கொட்டையிலேர்ந்து லேசா பாதாம் வாசம் மட்டும் நிக்கும். நீங்க இருக்கிற ஊர்ல இது சுலபமா கெடைக்கும், அதிர்ஷ்டசாலி.

கேள்வி: லீஃப்மன்ஸ் கௌடன்பான்டும் பீப்பாய் பீர்தானே?

பதில்: இல்ல. அவுடனார்ட ஊரு பழுப்பு பீர், 8%, புளிப்பு உண்டு, ஆனா மரத்துல போடறதில்ல, ஸ்டீல் டாங்க்தான். நல்ல பீர், இந்த லிஸ்ட்ல சேராது.

கேள்வி: எவ்வளவு நாள் வச்சிருக்கலாம்? அடுத்த மாசம் பிரஸ்ஸல்ஸ் வர்றேன், சென்னைக்கு எடுத்துட்டு வரலாமா?

பதில்: கூஸ் பத்து வருஷம் தாராளமா தாங்கும், பூன் பாட்டில்ல இருபது வருஷம் தள்ளித்தான் தேதியே போட்டிருக்கும். க்ரீக் மாதிரி பழம் போட்டதை சீக்கிரம் குடிச்சிருங்க, பழ வாசம்தான் முதல்ல போகும். ஃபிளாண்டர்ஸ் செவப்பையும் சேத்து வைக்க வேண்டியதில்ல, ஆறப்போட வேண்டியதை அவங்களே ஆறப்போட்டுத்தான் குடுக்கறாங்க.

வந்தீங்கன்னா மிடி ஸ்டேஷன்லேர்ந்து நடந்தே ஆண்டர்லெக்ட்ல கான்டியோன் போயிரலாம், 1978லேர்ந்து மியூசியமாவும் இருக்கு, செம்புத் தொட்டி, பீப்பாய், ஒட்டடை எல்லாம் கண்ணாலயே பாக்கலாம். ஞாயித்துக்கிழமை மாட்டினா எய்சரிங்கன் கிராமத்துல பெரும் தாகத்துக்கு எதிரான இன்ஷூரன்ஸ்னு ஒரு கடை இருக்கு, நிஜமாவே பேரே அதான், சர்ச் விட்டு வர்றவங்களுக்காக ஞாயிறு திறக்கிற பழக்கம். வெள்ளைப் பாலாடைக்கட்டி தடவின ரொட்டியும் முள்ளங்கியும் சொல்லுங்க, கூஸோட அவ்ளோ பொருத்தம்.

இந்தியாவுக்கு ட்யூட்டி இல்லாம 2 லிட்டர்தான் விடுவாங்க. பெரிய பாட்டில் 750 மில்லி ரெண்டு, சின்னது 375 மில்லி ஒண்ணு, கணக்கு சரியா வந்துரும். லுங்கியில சுத்தி செக்-இன் பெட்டி நடுவுல வையுங்க, ஷாம்பெயின் பாட்டில் மாதிரி தடிமனான கண்ணாடி, சுலபத்துல உடையாது. சென்னை வந்ததும் லாஃப்ட் மேல போட்டு மறந்துறாதீங்க, சூட்டுல என்ன ஆகும்னு மேலயே சொல்லிட்டேன், ஃப்ரிட்ஜோட கீழ்த்தட்டுல வச்சு ரெண்டு வாரம் போகட்டும், கலங்கின வண்டல் அடங்கினப்புறம் திறங்க.